நடுவில் நிற்பவன்

எங்கள் கல்லூரியில் ஆகஸ்ட் பிறந்துவிட்டால் தலைமைக் கோச் லிண்ட்குவிஸ்ட் உதவிக் கோச்சுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "உன் பசங்க எப்படி இருக்காங்க?"

என் பசங்க என்றால் லைன்பேக்கர்கள். கால்பந்து என்று பெயர்தான். எங்கள் அமெரிக்க ஆட்டத்தில் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், ஹெல்மெட் போட்ட மற்றவர்கள் பாய்ந்து ஆளைச் சாய்ப்பார்கள். முன்வரிசையில் தடியன்கள் முட்டி மோதிக்கொள்ள, அவர்களுக்குச் சற்றுப் பின்னால் நின்று பந்து எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டியே மோப்பம் பிடிப்பவர்கள் லைன்பேக்கர்கள். எங்கள் அணியில் மூன்று பேர். அந்த மூவரில் நடுவில் நிற்பவன்தான் களத்தில் இருக்கும் மற்ற பத்துப் பேருக்கும் குரல் கொடுப்பான். அவன் தப்பாகக் கத்தினால் எல்லோரும் தப்பான பக்கம் ஓடுவார்கள்.

அந்த வருஷம் நான் யோசிக்காமலே பதில் சொன்னேன்.

"நடுவுல எமெட் இருக்கான். வலது பக்கம் ஜவான். இடது பக்கத்துக்கு மட்டும்தான் ஆள் பார்க்கணும்."

"அப்ப உனக்கு வேலையே இல்ல ஹாஸ்கெட். போய் மீன் பிடி" என்றார் லிண்ட்குவிஸ்ட்.

எமெட் குசேரா அணியின் கேப்டன். கல்லூரிக்கு மேற்கே சோளக்காட்டுக்கு நடுவில் பிறந்தவன். இரண்டாம் ஆண்டு படிக்கும்போது அப்பா மாரடைப்பில் போனார். கொஞ்ச நாளில் நிலமும் கை மாறியது. சாதாரணமாகப் பேசினால் காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டும். மைதானத்தில் இறங்கினால் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன் குரல். ஜவான் டில்லார்ட் ஒமாஹா நகரத்துப் பையன். அவன் வாய் தூங்கும்போதுதான் மூடியிருக்கும். முதலாம் ஆண்டில் விடுதிக்காரர்கள் இருவரையும் ஒரே அறையில் போட்டார்கள். அதிலிருந்து ஒருவனைத் தேடினால் இன்னொருவன் பக்கத்தில் இருப்பான்.

"டேய் குசேரா, உங்க ஊர்ல மொத்தம் எத்தனை பேர்டா? மாட்டையும் சேர்த்துச் சொல்லு" என்பான் ஜவான், தண்ணீர் குடிக்கும் இடைவேளையில்.

"நீ லீவுக்கு வந்தா ஒரு மாடு கூடும்" என்பான் எமெட். இதற்கே பையன்கள் புல்லில் உருண்டு சிரிப்பார்கள்.

இடது பக்கத்து இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிட்டார்கள். அவர்களை எடைபோடுவதற்காக, காலைப் பயிற்சியின் வீடியோவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என் அறையில் ஓடவிட்டிருந்தேன். அந்தப் பையன்களின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்த கண், தற்செயலாக ஜவானின் கையில் போய் நின்றது. பந்து கிளம்புவதற்கு முன் அவன் எமெட்டின் இடுப்பில் லேசாகத் தட்டினான். சிநேகிதப் பையன்கள், தட்டிக்கொள்வார்கள். அடுத்த முறை பந்து கிளம்பும் முன்பும் தட்டினான். அதற்கடுத்த முறையும். வீடியோவைப் பின்னால் ஓட்டி முதலிலிருந்து பார்த்தேன். ஒரு தட்டு என்றால் எமெட் வலப்பக்கம் பாய்ந்தான். இரண்டு தட்டு என்றால் இடப்பக்கம். எமெட் குரல் கொடுப்பதற்கு முன்னால் ஜவானின் உதடு அசைந்தது. எமெட் அதைத்தான் உரக்கத் திருப்பிச் சொன்னான். ஒரே ஒரு முறை, ஷூ கயிறு அவிழ்ந்து ஜவான் குனிந்திருந்தபோது, எமெட் நின்ற இடத்திலேயே நின்றான். பந்து அவனைத் தாண்டிப் போன பிறகுதான் தலையைத் திருப்பினான்.

வீடியோவை நிறுத்திவிட்டு, மறுநாள் பட்டியலில் ஜவானின் பெயரை எதிரணிக்கு மாற்றி எழுதினேன்.

மறுநாள் காலை அணியை இரண்டாகப் பிரித்து ஆடவிட்டோம். "ஜவான், இன்னிக்கு நீ எதிர்ப்பக்கம் ஆடு. சின்னப் பசங்களுக்கு ஒரு துணை வேணும்" என்றேன்.

"நான் இங்கயே இருக்கேனே, கோச்."

"போடா."

அவன் எமெட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போனான்.

முதல் முறை பந்து கிளம்பியபோது எமெட் வாயே திறக்கவில்லை. பத்து முகங்கள் அவன் பக்கம் திரும்பின. "குசேரா! கத்துடா!" என்று லிண்ட்குவிஸ்ட் ஓரத்திலிருந்து கூவினார். அடுத்த முறை கத்தினான். போன வருஷமே நாங்கள் கைவிட்ட ஒரு சங்கேதம் அது. பாதிப் பேர் ஒரு பக்கமும் மீதிப் பேர் இன்னொரு பக்கமுமாக ஓடினார்கள். மூன்றாவது முறை பந்தோடு வந்தவன் மேல் மோதி விழுந்தான். எழுந்தான், புல்லைத் தட்டிவிட்டுக்கொண்டான், நேராக எதிரணிப் பையன்களோடு போய், முழங்காலில் கையூன்றி, அடுத்த பந்துக்குத் தயாராக நின்றான்.

"ஐயோ, கேப்டன் கட்சி மாறிட்டாரு!" என்று யாரோ கத்த, மைதானமே சிரித்தது. எல்லோரும் சிரித்த பிறகு எமெட்டும் சிரித்தான். ஜவான் மட்டும் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எமெட்டை வெளியே உட்காரவைத்துவிட்டு, பயிற்சி முடிந்ததும் ஜவானை என் பிக்கப் வண்டிப் பக்கம் கூட்டிப்போனேன்.

"எவ்வளவு நாளா தட்டுற?"

"எதைக் கோச்?"

"ஜவான்."

அவன் வண்டியின் பின்கதவை இறக்கி அதில் உட்கார்ந்தான். "அவன் எனக்குக் கூடப்பொறந்தவன் மாதிரி. என்கிட்ட கேக்காதீங்க, கோச்."

"நாளைக்கு அவன் தலையில இன்னொரு அடி விழுந்தா என்ன பண்ணுவ?"

ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்தான். பிறகு கொட்டினான்.

"போன அக்டோபர்ல ஆட்டத்துல தலையில ஒரு அடி. யாருக்கும் சொல்லல. ஏப்ரல்ல இன்னொண்ணு. வெளிச்சம் பட்டா தலை பிளக்குதும்பான், ரூம் ஜன்னலுக்குப் போர்வை மாட்டி வெச்சிருக்கோம். ஜூன்ல ஒரு நாள் போன் பண்றான். அவங்க அம்மா வீட்டுக்குப் போற மண் ரோட்டுல, நாலு ரோடு கூடுற இடத்துல வண்டிய நிறுத்திட்டு, 'ஜவான், எந்தப் பக்கம்டா திரும்பணும்'ங்கிறான். பொறந்து வளர்ந்த ஊரு கோச் அது! நான் ஒமாஹாவுல எங்க அம்மா சமையக்கட்டுல உக்காந்து, போன்ல மேப்பைப் பார்த்து அவனுக்கு வழி சொன்னேன்."

"அப்பவே ஏன்டா சொல்லல?"

"சத்தியம் வாங்கிட்டான். 'அப்பா போயாச்சு, நிலமும் போயாச்சு, இந்த ஒரு வருஷத்தை மட்டும் எனக்கு விட்டுடு'ன்னான். நான் என்ன செய்யட்டும்?" கன்னத்தைத் தோளில் துடைத்துக்கொண்டான். "நான் சொன்னேன்னு மட்டும் அவனுக்குத் தெரிய வேணாம்."

தெரிய வராது என்றேன்.

எமெட்டை டாக்டரிடம் கூட்டிப்போகும் முன் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டியிருந்தது. யார் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவரும் கடைசிவரை பெயரைச் சொல்லவில்லை. எமெட்டை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார், கண்ணில் விளக்கடித்தபோது அவன் முகத்தைச் சுளித்ததைப் பார்த்தார். பிறகு இதமாகக் கேட்டார்: "ஜூன் மாசம், வீட்டுக்குப் போற வழியில ஒரு குழப்பம் வந்துச்சாமே. எவ்வளவு நேரம் அப்படி இருந்துச்சுப்பா?"

எமெட் பதில் சொல்லாமல் என் பக்கம் திரும்பினான். அவன் அந்த மண் ரோட்டில் நின்றது உலகத்திலேயே ஒருவனுக்குத்தான் தெரியும்.

"இனிமே நீ ஹெல்மெட் போடக்கூடாது" என்றார் டாக்டர். "இந்த வருஷத்துக்குன்னு நினைக்காத. எப்பவுமே."

திரும்பும்போது வண்டியில் எமெட் ஒன்றுதான் கேட்டான். "என் இடத்துல ஜவான்தானே?"

"ஆமா."

"ம்" என்றான்.

அன்றே தன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். மறுநாள் ஜவான் என் அறை வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"நடு இடம் எனக்கு வேணாம் கோச்."

"வேற ஆள் இல்லடா."

"அந்த இடத்துக்காகத்தான் சொன்னேன்னு நினைக்கிறான். ரூமைக் காலி பண்ணிட்டுப் போறப்ப என்ன சொன்னான் தெரியுமா? 'கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே'ன்னான்."

ஜவான் நடு இடத்தில் நின்றான். வேறு வழியில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

அந்த வருஷத்தின் முதல் போட்டிக்கு முந்தின வாரம் எமெட்டின் அம்மா டார்லா வந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சமைப்பவள். மகனின் அணிச் சட்டைகளைத் துவைத்து மடித்து அட்டைப்பெட்டியில் கொண்டு வந்திருந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, என் முதுகுக்குப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தாள். அதில் ஒவ்வொரு பையனின் எடை, ஓட்ட வேகம், எத்தனை பேரைச் சாய்த்தான் என்பதெல்லாம் இருக்கும்.

"எமெட் பேரு இன்னும் மேலயே இருக்கு" என்றாள்.

"எடுக்க மனசு வரல, டார்லா."

"இவ்வளவும் எண்ணி வெச்சிருக்கீங்களே. அவன் தலையில எத்தனை தடவை அடி பட்டுச்சுன்னு இதுல இருக்கா?"

"இல்ல."

"எனக்கும் தெரியாது" என்றாள். "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தேன். அவன் மோதுறப்ப எல்லாம் எந்திரிச்சு நின்னு கை தட்டினேன். அப்பா போன துக்கத்துலதான் ஒரு மாதிரியா இருக்கான்னு நினைச்சுக்கிட்டேன்." பெட்டியை மேஜையில் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் வண்டி கிளம்பும் சத்தம் கேட்க வெகுநேரம் ஆயிற்று.

ஜவான் நன்றாக ஆடினான். உள்ளதைச் சொல்ல வேண்டும்; எமெட்டைவிட நன்றாகவே ஆடினான். இத்தனை வருஷம் அவன் வலது பக்கம் நின்றதே வீண் என்று பத்திரிகையில் எழுதினார்கள். பையன்கள் அந்தப் பக்கத்தைக் கிழித்து அவன் அலமாரியில் ஒட்ட, அவன் பேசாமல் பிய்த்து எறிந்தான். தண்ணீர் இடைவேளையில் தள்ளிப் போய்த் தனியாக உட்கார்ந்தான். என்னிடம் "சரி கோச்", "இல்ல கோச்" தவிர வேறு பேச்சில்லை.

சோள அறுவடை மும்முரமாக இருந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அவனைப் பார்க்கணும், கூட்டிட்டுப் போறீங்களா?" என்று அவனாகவே கேட்டான். எமெட் மாமாவின் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். லாரிகள் வரிசையில் நின்றன. தூசிக்கு முகத்தில் துணி கட்டிக்கொண்டு பெருக்கிக்கொண்டிருந்தான். தலை சுற்றும் என்பதால் ஏணியில் ஏற அவனுக்கு அனுமதி இல்லை.

"சோளம் எப்படி?" என்றேன்.

"ஈரம் ஜாஸ்தி, கோச்."

ஜவான் முன்னால் போனான். "எமெட், நான் அந்த இடத்துக்காகச் சொல்லல."

"தெரியும்."

"தெரிஞ்சுமாடா பேச மாட்டேங்கிற?"

எமெட் முகத்துணியை இறக்கினான். இளைத்திருந்தான். "நீ செஞ்சது சரிதான். டாக்டர் சொல்றாரு, அம்மா சொல்றாங்க, எனக்கும் புரியுது. ஆனா உன்னைப் பார்த்தா வயிறு எரியுது, ஜவான். நானும் முயற்சி பண்ணித்தான் பார்க்கிறேன், போக மாட்டேங்குது. நீ போயிடு."

பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான். எமெட் துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு அவனைக் கவனிக்கப் போனான். திரும்பும் வழி நெடுக ஜவான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தான். தோள் மட்டும் குலுங்கியது. நான் ரேடியோவைப் போட்டேன்.

நவம்பரில் எங்கள் மைதானத்தில் கடைசி ஆட்டம். கடைசி வருஷப் பையன்கள் ஒவ்வொருவரும் அன்று அம்மா அப்பாவோடு மைதானத்தின் நடுவரை நடந்து போவார்கள். கூட்டம் எழுந்து நின்று கை தட்டும். ஜவானின் அம்மா ஒமாஹாவில் ஆஸ்பத்திரி ஆயா. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் கூட வருகிறேன் என்றேன். "வேணாம் கோச், தனியாவே போறேன்" என்றான்.

பெயர் கூப்பிட ஆரம்பித்த பிறகு, மாதாகோயிலுக்குப் போடும் கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு டார்லா வேலியோரமாக அவசர அவசரமாக நடந்து வந்தாள். மூச்சு வாங்கியது.

"உங்க அம்மா வரலைல்ல?"

"இல்லம்மா. வேலை."

"அப்ப நான் வரேன், நட."

ஜவான் அவள் தோளுக்கு மேலாக வாசலைப் பார்த்தான்.

"வண்டியிலதான் இருக்கான்" என்றாள் டார்லா. "உள்ள வர மாட்டானாம். இந்தச் சத்தமும் அவனுக்கு ஆகாது. ஆனா அவன்தான் காலையில என்னைக் கிளப்புனான். 'ஜவானோட அம்மாவுக்கு லீவு கிடைச்சிருக்காது, அவன் தனியா நிப்பான், நீ போ'ன்னு."

ஜவான் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் நடந்தார்கள். கூட்டம் கை தட்டியது. அவன் ஒருமுறை வண்டிகள் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தான். அத்தனை தூரத்திலிருந்து எந்த வண்டிக்குள்ளும் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது.

அன்று தோற்றோம். நாங்கள் வெளியே வந்தபோது டார்லாவின் வண்டி போய்விட்டிருந்தது.

மே மாதம் ஜவான் பட்டம் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினான். எமெட் இன்னும் மாமாவின் கிடங்கில்தான் இருக்கிறான். தலைவலி குறைந்திருப்பதாகச் சொல்கிறார்கள். இருவரும் பேசிக்கொண்டதாக இதுவரை நான் கேள்விப்படவில்லை. டார்லா மட்டும் கிறிஸ்துமஸ் வந்தால் பழக்கூழ் வைத்த கொலாச்சி ரொட்டி ஒரு பெட்டி சுட்டு, ஜவானின் அம்மாவுக்குத் தபாலில் அனுப்பிவைக்கிறாள்.