ஆயர் வந்த சனிக்கிழமை

இந்த வருஷம் எங்கள் பங்குக் கோயிலில், பிஷப், அதாவது ஆயர், வந்து பிள்ளைகளின் நெற்றியில் எண்ணெய் பூசுகிற உறுதிபூசுதல் எந்தச் சனிக்கிழமை என்று நாக்பெகன் ஊரில் எனக்கு மட்டும்தான் தெரியாது. நான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்தில் ஒரு மாதமாக அதே பேச்சுதான். யாருக்கு என்ன நிறத்தில் கவுன், யார் எந்தப் புனிதையின் பெயரை எடுக்கப்போகிறாள், யார் வீட்டுத் தோட்டத்தில் காற்றடைத்த ரப்பர் கோட்டை வைத்து அதில் ஏறிக் குதிக்கப்போகிறார்கள் என்று என் காதே புளித்துவிட்டது. தேதியை மட்டும் யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை என்று ஜனவரியிலேயே அறிவித்திருந்தார்கள். அன்றைக்கு எங்கள் பிள்ளைகளுக்கு ஆட்டம் வேண்டாம் என்று கால்பந்து லீக்கிற்கு அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். இடையில் ஆயருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை, தேதி தள்ளிப்போய்விட்டது. அதைக் கோயில் செய்தித்தாளில் போட்டிருக்கிறார்கள். நான் கோயிலுக்குள் கடைசியாகப் போனது ஒரு சாவுக்கு. அந்தத் தாளை நான் எங்கே பார்க்க?

வியாழக்கிழமை பயிற்சியில் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே லீஷா சாதாரணமாகச் சொன்னாள். எங்கள் அணியில் கோல் போடத் தெரிந்தவள் அவள்தான்.

"சனிக்கிழமை நாங்க கொஞ்சம் லேட்டா வருவோம் மஜெல்லா. பதினோரு மணிக்குத்தானே ஆயர் வர்றாரு."

ஆட்டம் பன்னிரண்டு மணிக்கு. அதுவும் சீசனின் கடைசி ஆட்டம்.

நாக்பெகன் ரோவர்ஸின் பதின்மூன்று வயதுக்குட்பட்ட பெண்கள் அணிக்கு நான்தான் பயிற்சியாளர். ஏழு வயதில், இடது ஷூவை வலது காலில் மாட்டிக்கொண்டு வந்த பிள்ளைகளை இந்த லீக்கின் மேல் பிரிவு வரைக்கும் கொண்டுவந்திருக்கிறேன். மேலே ஏறவே மூன்று வருஷம் பிடித்தது. இந்தக் கடைசி ஆட்டத்தில் டூன்மர்ரா அணியோடு டிரா செய்தால்கூடப் போதும், அங்கேயே நிற்போம். தோற்றால் அவர்கள் நிற்பார்கள், நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்குவோம். இறங்கிவிட்டால் மாவட்ட அணிக்கு ஆள் எடுப்பவர்கள் எங்கள் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். கோடை முடிவதற்குள் பெரிய கிளப்புகள் வந்து நல்ல ஆட்டக்காரிகளைக் கொத்திக்கொண்டு போய்விடும். ஆறு வருஷ உழைப்பு அத்தோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக லீக் செயலாளருக்குப் போன் போட்டேன். ஆட்டத்தைத் தள்ளிவைக்கப் பதினான்கு நாள் முன்னால் சொல்லவேண்டும், எதிரணி ஒப்புக்கொண்டால் பரிசீலிக்கலாம் என்றார். டூன்மர்ரா பயிற்சியாளருக்கும் போட்டேன். ரொம்ப மரியாதையாக, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே முடியாது என்றார். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன், மன்னிப்புகூடக் கேட்டிருக்கமாட்டேன்.

பதினாறு பேரில் ஒன்பது பேர் கோயில் பள்ளியில் படிப்பவர்கள், அன்றைக்கு ஆயர் முன்னால் நிற்கவேண்டியவர்கள். மிச்சம் ஏழு. நான்கு பேர் ஊர்க்கோடியில் இருக்கிற, மதம் சாராத பள்ளியில் படிக்கிறார்கள். மூன்று பேர் ஒரு வகுப்பு மேலே, போன வருஷமே உறுதிபூசுதல் முடித்தவர்கள். ஆட்டத்தைத் தொடங்க ஏழு பேர் வேண்டும் என்பது விதி. ஒரு பிள்ளைக்குச் சளி பிடித்தால்கூட ஆட்டம் எதிரணிக்குப் போய்விடும்.

என் துணைப் பயிற்சியாளர் டோனல், குழாய் வேலை பார்ப்பவன். என் சமையலறை மேஜை முன்னால் உட்கார்ந்து அந்த ஏழு பெயர்களையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தான்.

"இதுல ரெண்டு பேரு ஆடுறவங்க. மிச்ச அஞ்சும் கோட்டுக்கு வெளியிலயே நின்ன பிள்ளைங்க" என்றான்.

உள்ளதைத்தான் சொன்னான். அந்த ஐந்து பேரையும் மூன்று கோல் முன்னால் இருக்கும்போதோ மூன்று கோல் பின்னால் இருக்கும்போதோ கடைசி ஐந்து நிமிடம் இறக்கிவிடுவது என் வழக்கம். அதிலும் டெர்வ்லா நூன் என்று ஒருத்தி. உயரமான பிள்ளை, கிளம்பக் கொஞ்சம் நேரம் எடுக்கும், வாயே திறக்கமாட்டாள். ஆகஸ்டிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் என் பழைய கோட்டைப் போர்த்திக்கொண்டு, எல்லைக்கோட்டில் எனக்குப் பக்கத்தில் நிற்பாள். சீசன் முழுக்க அவள் ஆடியதைக் கூட்டினால் ஒரு பாதி ஆட்டம்கூட வராது. அவள் ஒருநாளும் குறை சொன்னதில்லை, அவள் அம்மாவும் போன் செய்ததில்லை. குறை சொல்லாத பிள்ளையை மறந்துபோவது மிகச் சுலபம். நான் மறந்துபோயிருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த ஏழு பேரையும் மைதானத்துக்கு வரச்சொன்னேன். நான்கு பேர் பின்வரிசை, இரண்டு பேர் நடுவில், ஒருத்தி கோலில். முன்னால் ஆளே கிடையாது. பந்து கிடைத்தால் வேலிக்கு வெளியே உதையுங்கள், எடுத்துவர ஒரு நிமிடம் ஆகும் என்றேன். டெர்வ்லாவைப் பின்வரிசையின் நடுவில் நிறுத்தினேன். நிறுத்த வேறு ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

லீஷாவின் அப்பா பாஸ்கல் அங்கே வந்து தன் திட்டத்தை விளக்கினார். லாரி வைத்திருப்பவர், எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். பங்குத்தந்தையிடம் பேசி லீஷாவுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் முதல் பெஞ்சில் இடம் வாங்கிவிட்டாராம். நற்கருணை அப்பம் வாங்கியதும் பக்கவாட்டுக் கதவு வழியாக நழுவிவிடுவார்களாம். வண்டி மூக்கு வெளிப்பக்கம் பார்த்து நிற்குமாம். ஆயரிடம் மறையுரையைச் சுருக்கச் சொல்லலாமே என்று டோனல் கேட்டான். கேட்டாயிற்று, ஒப்புக்கொள்ளவில்லை என்றார் பாஸ்கல், சிரிக்காமல்.

சனிக்கிழமை ஏழு பேரும் வந்தார்கள். டூன்மர்ரா பதினொரு பேரோடு இறங்கியது. சிறு பிள்ளைகள் ஆட்டம்தானே, அவர்களும் ஆளைக் குறைத்துக்கொள்வார்கள் என்று எனக்குள் ஒரு நப்பாசை இருந்தது. அந்தப் பயிற்சியாளர் என் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர்ப் பாட்டில்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

முதல் பத்து நிமிடம் எங்கள் பிள்ளைகள் மழைக்குப் பயந்த ஆடுகள் மாதிரி கோலுக்கு முன்னால் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். எப்போது எத்தனை கோல் விழும் என்பதுதான் கேள்வியாக இருந்தது. அப்போதுதான் ஒரு குரல் கேட்டது. யார் எங்கே நிற்கவேண்டும், யார் யாரைப் பிடிக்கவேண்டும், கோல்கீப்பர் எத்தனை அடி முன்னால் வரவேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. ஒன்றுகூடத் தப்பு இல்லை. டோனல் என்னைத் திரும்பிப் பார்த்தான். அது நான் பேசுகிற மாதிரியே இருந்தது. நடுவர் காதில் விழாமல் நான் சொல்லும் கெட்ட வார்த்தை ஒன்றுகூட அதில் இருந்தது. பேசியவள் டெர்வ்லா.

அதன் பிறகு ஏழு பேரும் ஏழு பேராக நின்றார்கள். பந்து வேலிக்கு வெளியே போய்க்கொண்டே இருந்தது. டெர்வ்லா தலையால் முட்டினாள், வயிற்றில் வாங்கினாள், சேற்றில் சறுக்கிப்போய்ப் பந்தைத் தட்டிவிட்டாள். இருபத்திரண்டாவது நிமிடம் ஒரு கோல் விழுந்தது. அதற்குமேல் அவர்களால் முடியவில்லை.

இடைவேளையில் இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டாய் என்று அவளைக் கேட்டேன். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள், நான் ஏதோ முட்டாள்தனமாகக் கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தாள்.

"உங்க பக்கத்துலயேதானே நின்னேன். வருஷம் பூரா நீங்க கத்துனது எல்லாம் எனக்குத்தான் முதல்ல கேக்கும்."

அவள் முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பிவைத்தேன்.

இரண்டாம் பாதி தொடங்கி மூன்றாவது நிமிடம் பாஸ்கலின் வண்டி வாசல் கம்பத்தை உரசிக்கொண்டு உள்ளே வந்தது. நான்கு பேரும் வண்டிக்குள்ளேயே கவுனைக் கழற்றி ஜெர்சி மாட்டியிருந்தார்கள். தலைமுடி மட்டும் ஸ்பிரே அடித்துச் சுருள் சுருளாக, காற்றுக்கு அசையாமல் நின்றது. லீஷாவின் நெற்றியில் ஆயர் பூசிய எண்ணெய் இன்னும் மினுமினுத்தது. உறுதிபூசுதலுக்கு அணிந்து, இப்போது அவள் ஜெர்சியில் குத்தியிருந்த சிவப்பு ரிப்பன் பூவை எடுத்தால்தான் உள்ளே விடுவேன் என்றார் நடுவர். பதினொரு பேர் ஆனோம். பத்து நிமிடத்தில் லீஷா கோல் போட்டாள். ஒன்றுக்கு ஒன்று. அப்படியே முடிந்தால் தப்பித்தோம்.

இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கும்போது ஆயரோடு படம் எடுத்துக்கொண்டு மிச்ச ஐந்து பேரும் வந்து சேர்ந்தார்கள். அதில் எங்கள் கேப்டன் ஓர்லாவும் ஒருத்தி. பின்வரிசையின் நடுவில் ஆடுவது அவள்தான். வருஷம் பூராவும் அவள்தான் ஆடினாள். டோனல் அவளைத் தயாராக நிறுத்தினான். நான் டெர்வ்லாவைக் கூப்பிட்டேன்.

அவள் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பந்தைப் பார்க்கத் தொடங்கினாள். காதில் விழவில்லையோ என்று இன்னும் சத்தமாகக் கூப்பிட்டேன். எல்லைக்கோட்டுக்கு ஐந்தடி தூரம் வரை வந்தாள்.

"நான் வரல மஜெல்லா" என்றாள். "எப்பவும் நீங்க சொல்றப்போ போனேன், சொல்றப்போ வந்தேன். இன்னிக்கு வரமாட்டேன்."

ஆள் மாறுகிறதா இல்லையா என்று நடுவர் கேட்டார். எனக்குப் பின்னால் பாஸ்கல், பிள்ளையை இழுத்து வெளியே போடு என்று கத்திக்கொண்டிருந்தார். பிடிவாதம் பிடிக்கிற ஒருத்தி வேண்டும், விட்டுக்கொடுக்காத ஒருத்தி வேண்டும் என்று ஆறு வருஷமாக நான் இந்தக் கோட்டில் நின்று தொண்டை கிழியக் கேட்டிருக்கிறேன். கிடைத்தவளை எப்படி வெளியே இழுப்பது? மாறவில்லை என்று நடுவரிடம் சொன்னேன். ஓர்லாவை வேறொருத்திக்குப் பதிலாகப் பக்கவாட்டில் இறக்கினேன்.

பத்து நிமிடம் எல்லாம் சரியாகத்தான் போனது. டெர்வ்லாவின் குரல் நின்றுபோயிருந்ததை நான் கவனித்திருக்கவேண்டும். மூச்சு வாங்கினாள், இடுப்பில் கைவைத்துக் குனிந்து குனிந்து நின்றாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கடைசிக்கு முந்தைய நிமிடம், டூன்மர்ரா அவள் தலைக்கு மேலாக நீளமாக ஒரு பந்தை உதைத்தது. திரும்பி ஓட இரண்டு அடி எடுத்து வைத்தவள், தசை இழுத்துக்கொண்ட கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே விழுந்தாள். அவர்களுடைய பிள்ளை அவளைத் தாண்டிப் போய்க் கோலை அடித்தது. எங்கள் பிள்ளைகள் பந்தை நடுவில் வைத்து ஒரு உதை உதைத்தார்கள், நடுவர் விசில் ஊதிவிட்டார்.

இறங்கிவிட்டோம். அழவேண்டும்போல்தான் இருந்தது, ஆனால் முதலில் டெர்வ்லாவிடம் போனேன். டோனல் அவள் காலை நீட்டிப் பிடித்து, பிடிப்பு விடக் கால் விரல்களை அழுத்திக்கொண்டிருந்தான். பெற்றோர் எல்லாரும் கூடிவிட்டார்கள், கவுன் கோட்டு சூட்டோடு அரைக் கல்யாணக் கூட்டம். பாஸ்கலால் அடக்கமுடியவில்லை.

"ஆயரைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தோம், இதுக்கா? கூப்ட்டா வராத பிள்ளையை நம்பி மொத்த சீசனையும் தொலைச்சிட்டியே."

டெர்வ்லா தலை குனிந்துகொண்டாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்றுதான் நானும் சத்தமாகப் பேசினேன்.

"அந்தக் கோல் என்னோடது பாஸ்கல். ஒரு ஆட்டம் முழுசா ஓடுற காலு அவளுக்கு இல்ல. எப்படி இருக்கும்? ஒரு நாளாவது ஓட விட்டிருக்கேனா? கோட்டைப் போர்த்தி என் பக்கத்துல நிக்கவச்சு, வாயால மட்டும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தேன். அவ வாய் கத்துக்கிச்சு. காலுக்கு நான் ஒண்ணுமே குடுக்கல."

டெர்வ்லாவின் அம்மா கூட்டத்துக்குப் பின்னால் நின்றாள். அவளைப் பார்த்தே சொன்னேன். அவள் தலையாட்டவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை. லீஷாவைக் கோடையிலேயே டூன்மர்ராவுக்கு மாற்றப்போவதாகப் பாஸ்கல் சொன்னார். மாற்றிக்கொள்ளுங்கள், அவள் எங்கே போனாலும் ஆடுவாள் என்றேன். சொல்லும்போதே நெஞ்சு வலித்தது, பொய் சொல்லமாட்டேன். கையில் ரிப்பன் பூவை வைத்திருந்த லீஷா, அப்பாவையும் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை.

கூட்டம் மெல்லக் கலைந்தது. விருந்து காத்திருந்தது, குதிக்கும் கோட்டைகள் காத்திருந்தன. டெர்வ்லா எழுந்து நின்று காலை ஊன்றிப் பார்த்தாள். மன்னிப்புக் கேட்கப்போகிறாளோ என்று பயந்தேன். கேட்டிருந்தால் தாங்கியிருக்கமாட்டேன்.

"செவ்வாக்கிழமை பிராக்டிஸ் இருக்கா?" என்றாள்.

சீசன் முடிந்துவிட்டது. ஆகஸ்ட் வரைக்கும் மைதானம் பூட்டித்தான் கிடக்கும், அது அவளுக்கும் தெரியும்.

"இருக்கு, ஆறு மணிக்கு. ஓடத்தான் போறோம், பந்து கெடையாது" என்றேன்.

அவள் சரி என்று நொண்டிக்கொண்டே அம்மாவிடம் போனாள். கம்பத்தில் ஏறிப் பாதி கோல் வலையைக் கழற்றியிருந்த டோனல், எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அதை மறுபடி மாட்டத் தொடங்கினான்.