சட்டைப்பையில் ஒரு சிங்கம்

என் செப்புக்காசில் இருப்பது சிங்கம். இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. மாடியில் குடியிருக்கும் என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, அது நாய் என்று அடித்துப் பேசுவான். பேச்சு முற்றிப் பந்தயமாகிவிட்டது. காசு நிபுணர் பார்த்து, உருவம் தெளிவாக இருக்கிறது, ‘மிக நன்று’ என்று தரம் கொடுத்தால் அவன் இனி வாயைத் திறக்கக் கூடாது. கொடுக்காவிட்டால், காசுக்கென்றே நான் ஆசையாகச் செய்த கண்ணாடி அலமாரி அவன் செருப்புகளுக்கு!

நான், மனைவி, மச்சான் மூவருமாக நிபுணரின் கடைக்குப் போனோம். அவர் காசை எடை போட்டார். லென்ஸில் பார்த்தார்.

"பழைய ஜெர்மன் சில்லறைக் காசு, ஹெல்லர்னு பேரு. வருஷம் ஆயிரத்து எழுநூத்தி எழுபத்தி நாலு. மிருகம் சிங்கம்தான்."

"கேட்டியாடா!" என்று குதித்தேன்.

"ஆனா தரம் ‘சுமார்’தான் சார். பிடரி போச்சு. வால் மட்டும்தான் மிச்சம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இருநூத்தம்பது வருஷக் காசு சார்! தேயாம எப்படி இருக்கும்?"

"வாங்கினப்ப கொடுத்த சீட்டு இருக்கா?"

மனைவி கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். அதில் ஒட்டியிருந்த இதே காசின் படத்தில் சிங்கத்துக்குப் பிடரி, பல், நகம் எல்லாம் இருந்தன.

"வாங்கி எவ்வளவு நாளாச்சு?"

"பன்னண்டு வருஷம்."

"யார் யார் தொடுவாங்க?"

"ஒரு பயலைத் தொட விட்டதில்ல!"

"ஏங்க," என்றாள் மனைவி, "உங்க கட்டைவிரல் இப்ப என்ன பண்ணுது?"

குனிந்து பார்த்தேன். பேச்சு மும்முரத்தில் எப்போது எடுத்தேனோ, காசு என் கையில் இருந்தது. கட்டைவிரல் சிங்கத்தின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

"சட்டைப்பையில சாவிக்கொத்தோட போட்டுக்கிட்டு, பல் டாக்டர்கிட்டகூட எடுத்துக் காட்டுனீங்களே!"

மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மாமா, ஊர் ஊரா கைமாறியும் போகாத பிடரி, உங்க ஒரு விரலுக்குத் தாங்கலியே!"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. நிபுணர் பரிதாபப்பட்டு, காசைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத் திறக்க முடியாதபடி ஒட்டிக் கொடுத்தார். "வாலாவது பிழைக்கட்டும் சார்."

அலமாரியில் இப்போது மச்சானின் எட்டு ஜோடிச் செருப்பு. போகட்டும், சிங்கம் என்று நிரூபணம் ஆனதே! நேற்று தபால்காரரை நிறுத்திப் பெட்டியை நீட்டினேன்.

"பாருங்க, சிங்கம்!"

அவர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே தெரியல சார். மூடி தேஞ்சு போயிருக்கு."