நிலக்சனின் இடுப்புப் பை

சம்பந்தம் பேசும் குடும்பங்கள் முதன்முதலாகச் சந்திப்பதென்றால் கோவிலில்தான் சந்திப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய், தற்செயலாகக் கண்டதுபோல இரண்டு பக்கமும் சிரித்து, ஊரில் எந்தப் பக்கம் என்று தெரியாததுபோலக் கேட்டு, பிறகு வீட்டுக்குக் கூப்பிடுவார்கள். ஜெர்மனிக்கு வந்து இத்தனை காலமாகியும் இந்த நாடகத்தை நாங்கள் கைவிடவில்லை. ஆனால் மாப்பிள்ளையின் தாய் தவமலர் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டு, டென்மார்க்கில் ஒரு மணற்கடற்கரை இருக்கிறது, குடாவுக்குள் ஒதுங்கிய இடம், பலத்த காற்றும் இல்லை, அலையும் இல்லை, எங்கள் ஆட்கள் ஒருவரும் வரமாட்டார்கள், அங்கே சந்திப்போம் என்றார். எனக்கு அப்போதே மூக்கு வேர்த்துவிட்டது.

எங்கள் ஆட்கள் வராத இடம் எதற்கு? எங்கள் ஆட்கள் பார்க்கக்கூடாத ஏதோ ஒன்று அவர்களிடம் இருக்கிறது. என் கணவர் பரராசசிங்கத்திடம் இதைச் சொன்னேன். அவர்கள் இருப்பது ஃபிளென்ஸ்பூர்க்கில், எல்லையைத் தாண்டினால் கடல், தங்களுக்கு வசதியான இடத்தைச் சொல்கிறார்கள், இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இவர் எதையும் அப்படித்தான் பார்ப்பார். ஊர் உலகத்தில் ஒருவரும் ஒன்றையும் ஒளிப்பதில்லை என்று நம்புகிற மனிதரை வைத்துக்கொண்டு நான் ஒரு கலியாணம் பேச வேண்டியிருக்கிறது.

ஒளிக்கிற விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. எங்கள் ஒரே மகள் ஆரணிக்கு வலிப்பு. பள்ளிக்கூடக் காலத்தில் ஒருநாள் வகுப்பில் விழுந்தாள். அன்றிலிருந்து காலையும் மாலையும் குளிசை. பெரும்பாலும் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. கடைசியாக வந்தது போன வருடத்துக்கு முதல் வருடம், எங்கள் குசினியில், அடுப்படிக்குப் பக்கத்தில். வந்தால் கன்னத்துக்குள் செலுத்துவதற்கு ஒரு மருந்து இருக்கிறது. ஊசி இல்லாத சின்னக் குழாய், அதற்கு ஒரு பிளாஸ்டிக் உறை. அது எப்போதும் என் கைப்பையில் இருக்கும். எங்கள் மூவரையும் வைத்தியரையும் அந்த ஜெர்மன் வகுப்பையும் தவிர இது வெளியில் ஒருவருக்கும் தெரியாது. மகள் ஏன் கார் ஓடுவதில்லை என்று யாராவது கேட்டால், பிள்ளை சுற்றுச்சூழல் பார்க்கிறவள் என்பேன். அதற்காகத் தமிழ்ப் பாடசாலை விழாவில் அவளை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டியும் விட்டார்கள்.

ஆரணிக்கும் இந்த மாப்பிள்ளை நிலக்சனுக்கும் பழக்கம் தொடங்கியது ஒரு சிநேகிதியின் கலியாண வீட்டில். காதலைப் பேச்சுக் கலியாணமாக மாற்றிக் காட்டுவது எங்கள் ஆட்களுக்குக் கைவந்த கலை. குறிப்புப் பார்த்தாயிற்று, பொருத்தம் என்று சாத்திரியாரும் சொல்லியாயிற்று. ஆரணியிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: தாலி ஏறும் வரைக்கும் இந்த வலிப்பு வருத்தத்தைப் பற்றி வாய் திறக்காதே. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? நான் சொல்வது ஆயிரமும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அது பொய்கூட இல்லை, சொல்லாமல் விடுவது. அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதை ஓம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளையை விசாரிக்காமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஹம்பேர்க்கில் கேட்டேன், கீலில் கேட்டேன், பாரிஸில் தவமலரின் ஒன்றுவிட்ட தங்கையின் அயல்வீட்டுக்காரி வரைக்கும் போனேன். பையன் காற்றாலை நிறுவனமொன்றில் பொறியியலாளன். குடி இல்லை, புகை இல்லை. தகப்பன் யோகலிங்கம் வாயில்லாத மனிதர். ஒருவரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஆட்கள் ஒரு குறையும் சொல்லாமல் தொலைபேசியை வைப்பதென்பது சாதாரண விஷயமல்ல.

யூலையில் ஒரு சனிக்கிழமை போவதென்று முடிவாயிற்று. டுசல்டோர்ஃபிலிருந்து முதல்நாளே புறப்பட்டு ஹம்பேர்க்கில் தங்கினோம். அங்கே சொந்தக்காரர் இருந்தும் ஹோட்டலில்தான் தங்கினோம். சொந்தக்காரர் என்றால் எங்கே போகிறீர்கள் என்று கேட்பார்கள். மறுநாள் எல்லையில் டெனிஷ் பொலிஸ்காரர் ஒருவர் காருக்குள் எட்டிப் பார்த்தார். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். அவர் தேடுவது என் மகளின் மருந்தை இல்லை என்று தெரிந்தும் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கையசைத்துவிட்டார்.

அந்தக் கடற்கரையைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் கூடிற்று. அழகில்லை என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் புல்மேடு வளைந்து வந்து கடலைக் கையால் அணைத்ததுபோலப் பிடித்திருந்தது. நடுவில் வெள்ளை மணல், மணலுக்குப் பின்னால் காட்டு ரோசாச் செடிகள், தண்ணீருக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மரப்பாலம். எவ்வளவு தூரம் நடந்தாலும் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாதாம். சத்தமே போடாத கடல். ஒரு டெனிஷ் கிழவனும் கிழவியும் தூரத்தில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தார்கள், வேறு ஒரு மனிதரும் இல்லை. இவ்வளவு நல்ல இடத்தில் ஏன் ஆளில்லை என்று இவரிடம் மெதுவாகக் கேட்டேன். ஆள் இருந்தால் ஏன் இத்தனை ஆட்கள் என்று கேட்பீர் என்றார்.

தவமலர் என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருப்பார். றோல்சும் கட்லட்டும் கொண்டுவந்து, துவாய் விரித்து, என்னைத் தன் பக்கத்தில் இருத்திக்கொண்டார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் வேறு பக்கம் பார்க்கும்போதெல்லாம் அவர் என்னையே பார்க்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. திரும்பினால் சிரித்தார். பிள்ளைக்குக் கடல் பிடிக்குமா என்றார். சின்ன வயதில் நீந்தப் பழக்கினீர்களா என்றார். குளிர் ஒத்துக்கொள்ளாது, அதனால் விடவில்லை என்றேன். வேலைக்குப் போய்வரக் களைப்பில்லையா, நல்ல நித்திரை கொள்வாளா என்றார். ஒரு மாமியார் கேட்கிற கேள்விகளா இவை? கடைசியில், வீட்டில் எல்லோருக்கும் சுகம்தானே என்று கேட்டுவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தார்.

"எங்கட பரம்பரையில ஒரு தலையிடிகூட இல்லையக்கா," என்றேன், வாய் கூசாமல்.

அவர் ஒரு கட்லட்டை எடுத்து என் தட்டில் வைத்தார். 

நான் பார்த்துக்கொண்டிருந்தது நிலக்சனை. நல்ல உயரம், நல்ல சிரிப்பு, அன்ரி அன்ரி என்று பணிவு. எல்லாம் சரி. ஆனால் இடுப்பில் ஒரு கறுப்புப் பை கட்டியிருந்தான். காரிலிருந்து இறங்கும்போது அதைத் தொட்டுப் பார்த்தான். சாப்பிட உட்காரும்போது தொட்டுப் பார்த்தான். கடற்கரைக்கு வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றினான், அந்தப் பையைக் கழற்றவில்லை. தம்பி, அதை இங்கே தாரும், நான் வைத்திருக்கிறேன் என்றேன். "பரவாயில்லை அன்ரி," என்று ஒரு அடி பின்னால் போனான். பரவாயில்லை என்று சொல்கிறவர்கள் ஏன் பின்னால் போக வேண்டும்? இரண்டாவது தொலைபேசியாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு கூடாத பழக்கம் ஏதும் இருக்குமோ என்று நினைத்தேன்.

இன்னொன்றையும் கவனித்தேன். அவன் ஆரணியைத் தனியே விடவே இல்லை. அவள் சிப்பி பொறுக்கப் போனால் பின்னால் போனான். மரப்பாலத்தில் நடந்தால் தண்ணீர் பக்கமாக அவன் நடந்தான். தாலி கட்ட முதலே இப்படிக் காவல் என்றால், கட்டிய பிறகு வீட்டைப் பூட்டித் திறப்பை வைத்திருப்பானோ? இவரிடம் சொல்லலாம் என்று தேடினேன். இவர் யோகலிங்கத்தோடு கடற்கரையின் மறுகோடியில் நின்று, கூரையில் சூரியத் தகடு போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

ஆரணி தண்ணீருக்குள் இறங்கினாள். குளிர் பிடிக்கும், வேண்டாம் என்று கூப்பிட்டேன். அவள் கேட்காததுபோல நடந்தாள். நிலக்சன் பையை அவிழ்த்தான். என் கையை நீட்டினேன். அவன் என்னைத் தாண்டி வந்து தாயிடம் கொடுத்து, "அம்மா, பக்கத்திலயே வைச்சிருங்கோ, தூர வைக்காதேங்கோ," என்றான். தாய் தலையாட்டிவிட்டு அதைத் தன் மடியோடு வைத்துக்கொண்டார். தாய்க்கும் தெரியும் என்று அப்போது விளங்கிற்று. இது குடும்பமாகச் செய்கிற வேலை.

அதற்குப் பிறகு என் ஒரு கண் மகளின் தலையிலும் மறு கண் அந்தப் பையிலுமாக, கண்கொத்திப் பாம்புபோல இருந்தேன். தேநீர்ப் போத்தலைக் காரில் விட்டுவிட்டோம் என்று தவமலர் எழும்பினார். நான் போகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. பையை என் பக்கமாக நகர்த்திவிட்டு, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனார். பார்த்துக்கொள்ளத்தான் சொன்னார். நான் திறந்தேன்.

தொலைபேசி இல்லை. கூடாத பொருள் எதுவும் இல்லை. பிளாஸ்டிக் உறைக்குள் ஊசி இல்லாத சின்னக் குழாய். என் கைப்பையில் இருப்பதும் அதுதான். இருட்டிலும் தடவிப் பார்த்துச் சொல்லுவேன்.

அடப் பாவிகளே, இவனுக்கும் வலிப்பு!

அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. ஹம்பேர்க், கீல், பாரிஸ் எல்லா இடத்திலும் மூடி மறைத்திருக்கிறார்கள். அதுதான் ஆளில்லாத கடற்கரை. அதுதான் நோண்டி நோண்டிக் கேள்வி, எங்களுக்குத் தெரியுமோ என்று ஆழம் பார்க்கிறார்கள். என் கைப்பையிலும் அதே மருந்து இருக்கிறதே என்ற நினைப்பு எனக்கு வந்தது. வராமல் இல்லை. ஆனால் எங்களுடையது பெண்பிள்ளையின் கதை, நாங்கள் மறைப்பதில் நியாயம் இருக்கிறது, ஆம்பிளைப் பிள்ளைக்கு எதற்கு மறைப்பு என்று அந்த நினைப்பைத் தள்ளிவிட்டேன். தவமலர் போத்தலும் கையுமாக மணலில் கால் புதையப் புதைய வந்தார். உறையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இது என்னக்கா?"

அவர் போத்தலைத் துவாயில் வைத்தார். "மருந்து," என்றார்.

"என்ன மருந்தெண்டு எனக்குத் தெரியும். இதை மறைச்சு என்ர பிள்ளையின்ர தலையில கட்டப் பாத்தனீங்களோ? வலிப்புக்காறனுக்கு ஆர் பொம்பிளை குடுப்பினம்? நீங்களே சொல்லுங்கோ, ஆர் குடுப்பினம்?"

தவமலர் என் தோளுக்கு மேலால் பார்த்தார். திரும்பினேன். ஆரணி தண்ணீர் சொட்டச் சொட்ட எனக்குப் பின்னால் நின்றாள். துவாய் எடுக்க வந்திருக்கிறாள். நிலக்சன் இன்னும் முழங்காலளவு தண்ணீரில் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அது அவனுக்கில்லை," என்றார் தவமலர். "உங்கட பிள்ளைக்குத்தான். பழகத் தொடங்கின கிழமையே அவள் அவனுக்குச் சொல்லிப்போட்டாள். அண்டையில இருந்து அவன் அதைக் கொண்டுதான் திரியிறான்."

 அவர் குரலை உயர்த்தவில்லை.

"எனக்குப் போன மாசம்தான் தெரியும். வருத்தத்துக்கு நான் பயப்பிடேல்லை, ரஞ்சினி. நீங்கள் சொல்லுவீங்களோ எண்டுதான் எனக்குச் சந்தேகம். கோவிலில வைச்சுச் சொல்ல ஏலாது, வீட்டில வைச்சும் கஷ்டம். ஒருத்தரும் இல்லாத இடமெண்டாச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன். காலமையில இருந்து எத்தினை தரம் கேட்டன்."

தவமலருக்கு முன்னால் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அது பெரிதில்லை. வலிப்பென்றால் யார் கட்டுவார்கள் என்ற அந்த ஒரு வசனத்தை யாரும் என் பிள்ளையைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடாது என்றுதான் இத்தனை வருடமும் ஊரை ஏமாற்றினேன். சொந்தத்தில் ஒருவரும் சொல்லவில்லை, அயலில் ஒருவரும் சொல்லவில்லை. அவள் அதை என் வாயிலிருந்து கேட்டுவிட்டாள். 

ஆரணி அழவில்லை. துவாயை எடுத்துத் தோளில் போட்டாள்.

"அம்மா, அவனுக்கு இருந்திருந்தா நான் அவனை விட்டிருக்கோணுமோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதுதான் லேசான பதில், அந்த இடத்தில் யாரும் சொல்லக்கூடிய பதில். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் ஒரு பொய் சொல்ல என்னால் முடியவில்லை.

"ஓம்," என்றேன். "விடச் சொல்லியிருப்பன்."

"தெரியும்," என்றாள். "அதுதான் உங்களைக் கேளாமல் அவனுக்குச் சொன்னனான்."

என் கையில் இருந்த உறையை மெதுவாக வாங்கினாள். மணலைத் தட்டி, பைக்குள் வைத்து, இழுத்து மூடினாள். நான் கையை நீட்டினேன். இத்தனை வருடமும் அதைச் சுமந்தவள் நான்தானே. அவள் பையைத் தவமலரிடம் கொடுத்துவிட்டு, நிலக்சன் நின்ற இடத்துக்குத் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள்.