மோட்டார் பொறுப்பு

பெங்களூர் ஈஜிபுராவில் பால்ராஜ் வீட்டுக்கு வந்து சேர்ந்த போலந்து மாப்பிள்ளைக்கு, உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. காலையில் எழுந்து ஹாலுக்கு வந்தால் மாமியார் ஹெலன் சோபாவைத் தட்டிக் காட்டி "சிட், சிட்" என்பாள். உட்கார்ந்ததும் பிரெட்டும் ஆம்லெட்டும் வரும். மற்றவர்கள் தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பை ஒரு பிடி பிடிக்கும்போது அவனுக்கு மட்டும் டீப்பாய், ஸ்பூன், காரம் போடாத கோழி. சாப்பிட்ட தட்டோடு எழுந்தால் பின்னாலேயே ஓடிவந்து பிடுங்கிக்கொள்வாள். கேஸ் சிலிண்டர் வந்தால் மாமனார் பால்ராஜ்தான் உருட்டுவார். கோலார் தங்கச் சுரங்கத்தில் பாதி ஆயுளைக் கழித்து, முட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்த மனுஷர். ஆனாலும் மாப்பிள்ளை கை வைத்தால் சிலிண்டரைக் கட்டிப் பிடித்துக்கொள்வார்.

மாப்பிள்ளையின் பெயர் மாரெக். லூப்ளின் நகரத்தில் பஸ் ஒர்க்‌ஷாப் மெக்கானிக்காக இருந்தவன். அங்கே நர்ஸாகப் போன பால்ராஜின் மகள் நிக்கோலைக் கட்டிக்கொண்டு, ஐந்து வயது மகள் ஹான்னாவோடு இப்போது அவள் ஊருக்கே வந்துவிட்டான். நிக்கோலுக்கு வந்த கையோடு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவனுக்கு இங்கே வேலை பார்க்க அனுமதி வரவேண்டும். அது வரும்போது வரும். ஹான்னாவைப் பற்றிக் கவலையே இல்லை. தெருப் பிள்ளைகளோடு தமிழும் கன்னடமும் கலந்து சண்டை போடக் கற்றுக்கொண்டு, ஹெலனிடம் தினமும் முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு ஜோராக இருந்தாள். தெரு மாரெக்கை 'மாரி' ஆக்கிக்கொண்டது. வீடு மட்டும் அவனை 'மாப்ள'யிலிருந்து கீழே இறக்க மறுத்தது.

நவம்பர் கடைசியில் ஒரு மத்தியானம், லூப்ளின் ஒர்க்‌ஷாப் முதலாளி போன் செய்ததாக அவன் நிக்கோலிடம் சொன்னான். அவன் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறதாம். வருவதானால் திங்கட்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

"வெயிலும் தூசியும் எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா உங்க வீட்டுல நான் விருந்தாளி. விருந்தாளி எத்தனை நாள் இருந்தாலும் கடைசியில கிளம்பித்தானே ஆகணும்?" என்று தன் மொழியில் கேட்டான். கோபமாகக் கேட்டிருந்தால் நிக்கோலும் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் நிதானமாகத்தான் கேட்டான்.

அவள் திரும்பிப் போவதாக இல்லை. ஹான்னா பிறந்து வீட்டுக்கு வந்த அன்று, குளிப்பாட்டத் தெரியாமல் இருவரும் விழித்துக்கொண்டு நிற்க, அம்மா போனுக்குள் இருந்துகொண்டு "தலைய புடி, தலைய புடி" என்று கத்தியது இன்னும் அவள் காதில் இருந்தது. போனுக்குள் இருக்கும் அம்மா போதும் என்று அன்றைக்கே முடிவு கட்டியவள். ஆனால் மாரெக்கை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளவும் அவளுக்கு மனமில்லை. அவனும் இருக்க வேண்டும். அவனாகவே விரும்பி இருக்க வேண்டும்.

நேரே சமையலறைக்குப் போனாள். அவனுக்கு ஏதாவது ஒரு வேலை கொடு என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"மாப்ளைய வேல வாங்கினா நாலு பேரு இன்னா பேசுவாங்க? சோறு போட்டுக்கினு வேல வாங்குறான்னு சொல்ல மாட்டாங்க?"

நிக்கோல் பேச்சை வளர்க்கவில்லை. சுவரில் ஆணியில் தொங்கிய மோட்டார் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு போய் மாரெக்கின் கையில் வைத்து, இன்றிலிருந்து இது உன் பொறுப்பு என்றாள்.

அந்த வீட்டில் அது சின்னப் பொறுப்பு இல்லை. போர்வெல் வற்றிய நாளிலிருந்து டேங்கர் லாரிதான் கதி. லாரி வந்து தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியை நிரப்பும். மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்ற வேண்டும். மாடியில் இரண்டு குடித்தனம் வேறு. நிரம்பியதும் நிறுத்தாவிட்டால் தண்ணீர் தெருவில் ஓடும். நிக்கோலின் தம்பி லாயிட் வாரத்துக்கு ஒருதரம் மறப்பான். அப்போது அம்மா போடும் "டேய் லாயிட்" சர்ச் வரைக்கும் கேட்கும்.

சாவி கை மாறியதைப் பார்த்து அம்மா சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். அந்தச் சிரிப்பை நிக்கோல் நம்பியிருக்கக் கூடாது. மறுநாள் மாரெக் மோட்டாரைப் போட்டுவிட்டு, எப்போது நிரம்புகிறது என்று பார்க்க மொட்டைமாடிக்கு ஏறினான். தொட்டி பாதிகூட நிறையவில்லை, தண்ணீர் நின்றுவிட்டது. இறங்கி வந்தால் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் அம்மா. "ஃபினிஷ், மாப்ள. சிட்." அதற்கடுத்த நாளும் இதே கூத்து. மாரெக் சாவியைப் பழையபடி ஆணியில் மாட்டிவிட்டான். நிக்கோல் பல்லைக் கடித்துக்கொண்டு அதை எடுத்து மறுபடியும் அவன் சட்டைப் பையில் போட்டாள்.

சனிக்கிழமை லாரி வரும் நாள். லாயிட் வேலைக்குப் போய்விட்டான். கிறிஸ்துமஸ் துணி எடுக்க வேண்டும் என்று சொல்லி நிக்கோல் அம்மாவையும் அப்பாவையும் சிவாஜிநகருக்குக் கிளப்பினாள். அம்மாவுக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை. புடவையைப் பார்ப்பதும், மாப்பிள்ளைக்குப் பசிக்குமே, மோட்டாரை யார் பார்ப்பார்கள் என்று போனைத் தேடுவதுமாக இருந்தாள். போன் நிக்கோலின் கைப்பையில் பத்திரமாக இருந்தது.

திரும்பி வரும்போது தெருமுனையிலேயே ஆட்டோ தண்ணீரில் சக்கரத்தை நனைத்தது. எந்தப் பாவி இப்படித் தண்ணியைக் கொட்டுறான் என்று அம்மா ஆரம்பித்தாள். தலையை வெளியே நீட்டிப் பார்த்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் அவர்கள் மொட்டைமாடியிலிருந்துதான் கொட்டிக்கொண்டிருந்தது.

கேட்டுக்கு முன்னால் மாரெக், முழங்கை வரைக்கும் கிரீஸோடு மண்டியிட்டிருந்தான். மாடியில் குடியிருக்கும் ஃபாத்திமா, கிளம்பாமல் மக்கர் பண்ணிய தன் ஸ்கூட்டரை அவனிடம் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாள். ஊருக்கு வந்ததிலிருந்து அவனை நம்பி ஒருவர் கொடுத்த முதல் வேலை. உலகமே மறந்துபோய்விட்டது. ஃபாத்திமா ஆக்ஸிலேட்டரை முறுக்க, வண்டி போட்ட சத்தத்தில் தண்ணீர்ச் சத்தம் இருவருக்குமே கேட்கவில்லை; காலடியில் ஓடியதும் கண்ணில் படவில்லை. ஹான்னா ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

ஆட்டோ நிற்பதற்குள் அம்மா குதித்துவிட்டாள்.

"டேய் மாரி! மோட்டார போட்டுட்டு இங்க இன்னாடா பண்ணிக்கினு இருக்க? கண்ணு அவிஞ்சா போச்சு? தண்ணி தெருவெல்லாம் ஓடுது, போடா, போய் ஆஃப் பண்ணு!"

மாரெக் பாய்ந்து உள்ளே ஓடினான். தண்ணீர் நின்றது. தெருவும் நின்றது. ஃபாத்திமா வண்டியை அணைத்துவிட்டாள். எதிர்வீட்டு ஜன்னலில் தலைகள் தெரிந்தன. அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா அவளைப் பார்த்த பார்வையில் சுரங்கமே இடிந்திருக்கும்.

அம்மா சமையலறைக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து அழுதாள். "பொண்ணக் கட்டின மாப்ளைய 'டா' போட்டுட்டேனே. கால்ல வுழுந்தாவது சாரி கேட்டுடறேன்டி."

நிக்கோல் கதவைச் சாத்தினாள். அம்மா அழுவதைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்கு விட்டால் இனி எப்போதும் இல்லை. திங்கட்கிழமைப் பதிலைப் பற்றி, விருந்தாளியைப் பற்றி, எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நீ சாரி கேட்டா அவரு மறுபடியும் சோபாவுல போய் உக்காந்துப்பாரும்மா. அப்புறம் நாங்க கெளம்பிடுவோம். லாயிட்ட திட்ற மாதிரி அவரையும் திட்டு. உன்னக் கெஞ்சிக் கேக்குறேன்."

அம்மா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாள். நிக்கோல் பின்னாலேயே போனாள்.

மாரெக் சோபாவில் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தான். இத்தனை மாதமாக அவனை உட்காரவைத்த அதே இடம். அம்மா அவன் எதிரில் போய் நின்று, "தம்பி... நீங்க..." என்று இழுத்தாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நிக்கோல் நினைத்தாள்.

அப்போது அம்மாவின் கண் சோபாமேல் போனது. கிறிஸ்துமஸுக்கென்று துவைத்துப் போட்ட வெள்ளை உறை. அதில் இரண்டு பக்கமும் கருப்பாகப் பத்து விரலும் பதிந்திருந்தன.

"இந்தக் கையோடவா சோபாவுல உக்காந்த? எந்திரிடா!"

மாரெக் எழுந்தான். அம்மா ஒரு கணம் தயங்கினாள். மகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு வேண்டுமென்றே, தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கெட்டையும் துடைப்பத்தையும் அவனிடம் நீட்டினாள்.

"மாடிப்படியெல்லாம் தண்ணி நிக்குது. தள்ளி வுட்டுட்டு வா, அப்புறந்தான் சோறு."

சொன்னதில் பாதிதான் அவனுக்குப் புரிந்திருக்கும். பக்கெட் முழுசாகப் புரிந்தது. "சரி அத்தே," என்று வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். லூப்ளினில் வேலை முடிந்து வீட்டுக்கு வரும்போது இருந்த முகத்தை நிக்கோல் அன்றைக்குத்தான் மறுபடி பார்த்தாள். அப்பா மட்டும், மாப்ளைக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு போல என்று முணுமுணுத்துக்கொண்டார். அன்று மாரெக் தரையில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பைக் கையால் பிசைந்து தின்றான். கண்ணிலும் மூக்கிலும் தண்ணீர் வழிய இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிக்கொண்டான். அவன் தட்டை யாரும் பிடுங்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் மொட்டைமாடியிலிருந்து முதலாளிக்குப் போன் போட்டான். நிக்கோல் பக்கத்தில் நின்றாள். முடிவு என்னவென்று அவள் கேட்கவில்லை. அவனாகவே சொல்ல வேண்டும் என்றிருந்தாள். நலம் விசாரித்து முடித்து விஷயத்துக்கு வருவதற்குள் கீழேயிருந்து ஒரு குரல் எழும்பியது.

"டேய் மாரி! தொட்டி ரொம்பிடுச்சாடா? மேல இன்னாடா பேச்சு?"

அங்கே என்ன சண்டையா என்று முதலாளி கேட்டது நிக்கோலுக்கும் கேட்டது.

"சண்டை இல்லை. என் மாமியார் என்னைத்தான் கூப்பிடறாங்க," என்றான் மாரெக். "நீங்க வேற ஆளைப் பாத்துக்கோங்க. எனக்கு இங்க வேலை இருக்கு."

போனை நிக்கோலின் கையில் திணித்துவிட்டு, இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினான்.