தாயின் கல்வித் தகுதி

மருத்துவமனைக் குடியிருப்பில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வயது என்னவோ பதினெட்டுதான். எழுதப் படிக்கத் தெரியாத தன் அம்மாவுக்கு அவள் தன் எட்டு வயதிலேயே கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததால் வந்த பெயர் அது. அதுவரை சம்பளப் பதிவேட்டில் கட்டைவிரலை உருட்டிக்கொண்டிருந்த அம்மா, ஒரு மாதம் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல்மாணலாகத் தன் பெயரை எழுதினாள். சலவைக்கூடத்தில் இருந்த பதினோரு பெண்களும் கைதட்டினார்கள். "யாருடி சொல்லிக்குடுத்தது?" என்று மேற்பார்வையாளர் கேட்க, "எங்க வீட்டு டீச்சர்தான்" என்றாள் அம்மா. பெயர் அன்றே ஒட்டிக்கொண்டது.

அந்த மருத்துவமனையின் படுக்கை விரிப்புகளும் நோயாளிகளின் அங்கிகளும் அம்மாவின் கையைத் தாண்டித்தான் போகும். காலை ஆறு மணிக்குப் போனால் இரண்டு மணிக்கு, நீராவியில் வெந்து சுருங்கிய விரல்களோடு திரும்புவாள். அப்பா பள்ளி வேன் ஓட்டினார். இரண்டு அறை, ஒரு சமையல் மூலை, சுவருக்கு அந்தப் பக்கம் மேற்பார்வையாளர் குடும்பம். அவர்கள் தும்மினால் இங்கே கேட்கும். வீட்டுக்கு வருகிற எந்தக் காகிதமானாலும் டீச்சர்தான் படித்துச் சொல்ல வேண்டும். மாத்திரை அட்டையில் இருக்கும் தேதியைக்கூட அம்மா அவளிடம்தான் நீட்டுவாள்.

உறவென்று யாரும் வந்துபோனதில்லை. அம்மா வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் என்ற அளவில்தான் டீச்சருக்குத் தெரியும். அதற்குமேல் கேட்டால் அம்மா வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

ஆய்வக நுட்பப் பட்டப்படிப்பில் டீச்சருக்கு இடம் கிடைத்தது. கட்டணத்துக்கு முதல் பட்டதாரி உதவித் திட்டத்தை நம்பியிருந்தார்கள். பெற்றோர் இருவருமே பட்டம் பெறாத வீட்டுப் பிள்ளைக்கு முழுக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும். கணினி மையத்தில் உட்கார்ந்து அவளே விண்ணப்பத்தை நிரப்பினாள். தந்தையின் கல்வித் தகுதி: எட்டாம் வகுப்பு. தாயின் கல்வித் தகுதி: பள்ளி செல்லாதவர். உறுதிமொழிக்கு நேரே டிக் அடித்து அனுப்பிவிட்டு வந்தாள். நம்மைவிடப் பொருத்தமான குடும்பம் இந்த ஊரில் எது என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்ததும் உண்டு.

பதினைந்து நாள் கழித்து, அசல் சான்றிதழ்களோடு நேரில் வரும்படி குறுஞ்செய்தி வந்தது.

உதவித்தொகை அலுவலகத்தில் மூன்றாவது கவுண்டர். சங்கிலி கோத்த கண்ணாடி போட்டிருந்த ஒரு பெண் அதிகாரி அவளுடைய மதிப்பெண் சான்றிதழைப் பார்த்தார், வருமானச் சான்றைப் பார்த்தார், பிறகு திரையைப் பார்த்தார்.

"அம்மா என்னம்மா படிச்சிருக்காங்க?"

"படிக்கல மேடம். ஸ்கூலுக்கே போனதில்ல."

"நிச்சயமா தெரியுமா?"

"எழுதப் படிக்கவே தெரியாது மேடம். கையெழுத்து மட்டும் போடுவாங்க. அதுவும் நான் சொல்லிக்குடுத்தது."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் தொங்கவிட்டார். "பழைய பட்டப் பதிவேட்டை எல்லாம் இந்த வருஷம்தான் கம்ப்யூட்டர்ல ஏத்தியிருக்காங்க. உங்க அம்மா பேரு, பிறந்த தேதி, தாத்தா பேரு, பிறந்த ஊரு, நாலும் ஒத்துப்போகுது. கணிதத்துல இளங்கலைப் பட்டம். முதல் வகுப்பு."

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வேற யாராவது இருக்கும் மேடம். எங்கம்மா சலவைக்கூடத்துல வேலை பாக்கறாங்க."

அதிகாரி திரையை அவள் பக்கம் திருப்பினார்.

கறுப்பு வெள்ளைப் படம். ஓரத்தில் பல்கலைக்கழக முத்திரை பாதி ஏறியிருந்தது. இரட்டைப் பின்னலும் கழுத்து வரை பட்டன் போட்ட சட்டையுமாக ஒரு பெண். இடது புருவத்தை நடுவில் பிளக்கும் தழும்பு. சின்ன வயதில் ஊஞ்சல் பலகை பட்டது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். டீச்சர் கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். காதுக்குள் ஏதோ அடைத்தது. அதிகாரியின் வாய் அசைவது தெரிந்தது, பேச்சு கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்து சேர்ந்தது.

"...தெரியாம எழுதினதுன்னு நான் எடுத்துக்கறேன். ஏழு நாள் டைம் இருக்கு. திருத்திட்டு, குறைந்த வருமானத் திட்டத்துக்கு மாத்திக்கோ. அதுல பாதிதான் கிடைக்கும். திருத்தலேன்னா பொய் உறுதிமொழின்னு உங்க அம்மா வேலை பாக்கற ஆபீசுக்கே விசாரணைக் கடிதம் போயிடும். என் கையில இல்ல."

பதிவின் நகலை அச்செடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஏறிய பேருந்தில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கடந்து மூன்று நிறுத்தம் போய்விட்டாள். திரும்பி நடக்கும்போது, யாரோ பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டு தன்னை மட்டும் முட்டாளாக்கியது போல முகம் எரிந்தது.

வீட்டில் அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஊர்த் துணியை மடித்துவிட்டு வந்து வீட்டுத் துணி. டீச்சர் காகிதத்தை விரித்து அந்தக் குவியலின் மேல் வைத்தாள்.

"என்னது இது? கிடைச்சிருச்சா? படி."

"நீயே படி."

அம்மா சிரித்தபடி நிமிர்ந்தாள். மகளின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. பிறகு குனிந்தாள். அவளுடைய கண்கள் இடமிருந்து வலமாகப் போய், கீழே இறங்கி, மறுபடி இடமிருந்து வலமாகப் போவதை டீச்சர் பார்த்தாள். எத்தனை பேர் படிக்கும்போது பார்த்திருக்கிறாள். அம்மாவின் கண்கள் அப்படி நகர்ந்து பார்த்ததே இல்லை.

"கதவைச் சாத்து" என்றாள் அம்மா, மெதுவாக. பக்கத்துச் சுவரை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

பிறகு சொன்னாள், பாதிக் குரலில். டீச்சர் கைக்குழந்தையாக இருந்தபோது அப்பா வேலை பார்த்த லேத் பட்டறையை மூடிவிட்டார்கள். படிப்புக்கேற்ற வேலை தேடி அம்மா ஏறி இறங்காத படி இல்லை. கடைசியில் சலவைக்கூடத்தில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. வேலையோடு வீடும் உண்டு. ஆனால் எட்டாம் வகுப்புக்குமேல் படித்தவர்களை எடுக்க மாட்டார்கள். படித்தவர்கள் நுழைந்துவிட்டு மறுவருடமே மேசை வேலை கேட்கிறார்கள் என்று அப்படி ஒரு விதி. ஐந்தாவது என்று எழுதினால் பள்ளிச் சான்று கேட்பார்கள். பள்ளிக்கே போகவில்லை என்றால் யாரும் எதுவும் கேட்பதில்லை.

"வேலைக்காகப் பொய் சொன்ன, சரி. வீட்டுல எதுக்கும்மா? எங்கிட்ட எதுக்கு?"

"தேய்ப்புப் பிரிவுல ஒருத்தர் இருந்தார். அவரும் என்னைப் போலத்தான். அவர் பையன், எங்கப்பாதான் எனக்கு இங்கிலீஷ் சொல்லித்தர்றாருன்னு ஸ்கூல்ல பெருமையா சொல்லிட்டான். அந்த ஸ்கூல் டீச்சரோட வீட்டுக்காரர் நம்ம ஆஸ்பத்திரி கிளார்க். ஒரே வாரம். வேலையும் போச்சு, வீடும் போச்சு. அவங்க சாமான வண்டில ஏத்தினப்ப உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு நான் வாசல்ல நின்னேன்." அம்மா விரிப்பு ஒன்றை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "குழந்தைக்கு எதை மறைக்கத் தெரியும்? அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்."

"நான் உனக்கு எழுதச் சொல்லிக்குடுத்தேன். உன் கைய அடிச்சேன் ஒரு நாள்."

"ஆமா."

"உனக்கு அப்ப எப்படி இருந்துச்சு? சிரிப்பா இருந்துச்சா?"

"நீ சுழியைத் தலைகீழா போட்டுக் காட்டின" என்றாள் அம்மா. "அதையே அப்படியே பழகிக்கிட்டேன். இன்னைக்கு வரைக்கும் ரிஜிஸ்டர்ல தப்பாத்தான் போடறேன்."

டீச்சருக்கு அழுகை வந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்தாள். நினைவுக்கு வந்தது கையெழுத்து அல்ல. பத்தாம் வகுப்பில் ஒரு கணக்குப் பரீட்சையில் தோற்றுப்போய் இதே தரையில் நோட்டைத் தூக்கி எறிந்தது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கென்னடி தெரியும் இதெல்லாம்" என்று அவள் முதுகைத் தடவியது. இரண்டு வருடம், வாரம் ஐந்து நாள், டியூஷனுக்கு நடந்தது.

"அந்தக் கணக்கெல்லாம் உனக்குத் தெரியும்" என்றாள்.

அம்மா முகத்தை மடித்த துணிக்குள் புதைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோதுதான் டீச்சருக்கு உண்மையிலேயே பயம் வந்தது.

சாயங்காலம் அப்பா வந்தார். காகிதத்தைப் பார்த்ததும் வேன் சாவியை ஆணியில் மாட்டக்கூட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கும் தெரியும்" என்றாள் டீச்சர்.

"தெரியும்மா."

"ரெண்டு பேரும் சேர்ந்து நல்லா நடிச்சிருக்கீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அது வேறொரு பெண் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றார். படம் இருக்கிறதே என்றாள் டீச்சர். விண்ணப்பத்தையே வாபஸ் வாங்கிவிடலாம், ஒரு வருடம் கழித்துப் பார்க்கலாம் என்றார்.

"நாளைக்குக் கண்காணிப்பாளரைப் பாத்துச் சொல்லிடறேன்" என்றாள் அம்மா. "திருத்தினாலும் வருமானத்தைச் சரிபாக்க ஆபீசுக்குக் கடிதம் வரும், அதுக்கு முன்னாடி நானே போய்ச் சொன்னா மரியாதை. இவ படிப்பு ஒரு வருஷம் தள்ளிப்போகக் கூடாது."

"வேலை போயிட்டா?"

"போனா போகட்டும். பதினேழு வருஷம் இருந்தாச்சு."

பீரோவின் அடித்தட்டிலிருந்து ஓர் எக்ஸ்ரே உறையை எடுத்தாள். அம்மாவின் இடுப்பு எக்ஸ்ரே என்று டீச்சர் நூறு முறை ஒதுக்கி வைத்த உறை. உள்ளே பட்டச் சான்றிதழ் இருந்தது.

மறுநாள் காலை மூவருமாகப் போனார்கள். கண்காணிப்பாளர் ஓய்வுபெறப் போகிற மனிதர். மேசையில் பாதிப் பொருள்களை ஏற்கெனவே அட்டைப்பெட்டியில் போட்டிருந்தார். அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு சொல்லும் தடுமாறவில்லை. அவர் சான்றிதழை வெகுநேரம் பார்த்தார்.

"நீ நோட்டீஸ் போர்டு பாக்கறதே இல்லையாம்மா?"

அம்மாவுக்குப் புரியவில்லை. அவர் எழுந்து, அலமாரியில் தேடி, ஒரு கோப்பை எடுத்துப் பிரித்து நீட்டினார். ஒன்பது வருடத்துக்கு முந்தைய சுற்றறிக்கை. சலவை, துப்புரவுப் பணிகளுக்கு இருந்த கல்வி உச்சவரம்பு நீக்கப்படுகிறது. கூடுதல் படிப்பை மறைத்துச் சேர்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் தெரிவித்தால் நடவடிக்கை கிடையாது. அவர்கள் எழுத்தர் தேர்வும் எழுதலாம்.

"நாலு பேர் வந்து சொன்னாங்க" என்றார் அவர். "வெளிநோயாளிப் பிரிவுல சீட்டு எழுதற அம்மா இருக்காங்களே, அவங்க துப்புரவுல இருந்தவங்கதான்."

அம்மா அதை வாங்கிப் படித்தாள். மறுபடி படித்தாள். உதடு வெளுத்திருந்தது.

"இதை எங்க ஒட்டினாங்க சார்?"

"எங்க ஒட்டுவாங்க? உங்க சலவைக்கூட வாசல்லதான். மாசக்கணக்கா இருந்துச்சு."

"போர்டு பக்கம் கண்ணைத் திருப்பக் கூடாதுன்னு வச்சிருந்தேன் சார்" என்றாள் அம்மா. "யாராவது பாத்துட்டா? எழுத்து கண்ணுல பட்டா தானா படிச்சிடுவோம், முகத்துல தெரிஞ்சிடும். அதனால தரையைப் பாத்துக்கிட்டே உள்ள போயிடுவேன்." கோப்பை மேசையில் வைத்தாள். "ஒரு நாள் மேற்பார்வையாளர் வந்து, ஏதோ டிகிரி படிச்சவங்களுக்காம், நம்மள்ல யாரு இருக்கான்னு சொல்லிச் சிரிச்சாங்க. எல்லாரும் சிரிச்சோம். நானும் சிரிச்சேன்."

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். டீச்சர் மனம் தானாகக் கழித்துப் பார்த்தது. ஒன்பது வருடம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது. கையெழுத்துச் சொல்லிக்கொடுத்த மறுவருடம். டியூஷனுக்கெல்லாம் வெகுகாலம் முன்பு. அம்மாவிடம் கத்த வேண்டும் என்று நேற்றிலிருந்து சேர்த்து வைத்திருந்தது எல்லாம் எங்கோ போய்விட்டது. அந்த இடத்தில் என்ன வந்து உட்கார்ந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. அம்மாவின் கையைப் பிடிக்கலாமா என்று நினைத்தாள். பிடிக்கவில்லை.

"மேலே எழுதணும்" என்றார் கண்காணிப்பாளர். "விதியே இல்லாததால வேலை போகாதுன்னு நெனைக்கிறேன். சொல்லாம இருந்ததுக்கு ஏதாவது தண்டனை போடுவாங்க. எழுத்தர் தேர்வுக்கு..." பிறந்த தேதியைப் பார்த்தார். "வயசு தாண்டிடுச்சும்மா. ரெண்டு வருஷம்."

"சரிங்க சார்" என்றாள் அம்மா.

அன்றே உதவித்தொகை அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பத்தைத் திருத்தினார்கள். தாயின் கல்வித் தகுதிக்கு நேரே அதிகாரியே புதிதாகத் தட்டச்சு செய்து, சரிதானா என்று கேட்டார். சரி என்றாள் டீச்சர்.

செய்தி குடியிருப்பில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. சலவைக்கூடத்தில் ஒரு வாரம் யாரும் அம்மாவோடு சேர்ந்து சாப்பிடவில்லை. பதினேழு வருடம் படிக்கத் தெரியாதவள் என்று நம்பி நம் கடிதங்களை எல்லாம் அவள் முன்னால் விரித்து வைத்திருக்கிறோமே என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாளாம். மேற்பார்வையாளர் மட்டும் சுவர் வழியாகக் கேட்கிற மாதிரி, "அந்தப் போர்டை நானாவது ஒழுங்கா படிச்சுக் காட்டியிருக்கலாம்" என்று தன் கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் என்று கூப்பிடுவதை எல்லோருமே நிறுத்திவிட்டார்கள். வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சிலர் கூப்பிடாமலே போனார்கள்.

வீட்டில் இருவருக்கும் இடையே தேவைக்குத்தான் பேச்சு. கோபம் என்று சொல்ல முடியாது. அம்மா குளிக்கப் போகும்போதும் தலை வாரும்போதும் மகள் அவளையே பார்த்துக்கொண்டிருப்பாள், வீட்டுக்குப் புதிதாக வந்த ஒருத்தியைப் பார்ப்பதுபோல.

ஒரு மாதம் கழித்து, முற்பகலில், உதவித்தொகை ஆணை வந்தது. அப்பா வேனில் இருந்தார், போனை எடுக்கவில்லை. மகள் சலவைக்கூடத்துக்குப் போன் செய்து அம்மாவைக் கூப்பிடச் சொன்னாள். பின்னால் இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

"என்ன? கேக்கல."

"கிடைச்சிடுச்சும்மா."

"எவ்வளவு?"

"பாதிதான். மீதிக்கு பேங்க்ல கேக்கணும். ஒரு ஃபாரம் குடுத்திருக்காங்க, பெரிசா இருக்கு."

"எப்ப குடுக்கணும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள."

"சரி. ரெண்டு மணிக்கு வந்துடறேன். சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"சாப்பிடு" என்றாள் அம்மா. உடனே வைத்துவிடவில்லை, இயந்திரச் சத்தம் கொஞ்ச நேரம் காதில் ஓடிக்கொண்டிருந்தது. இவளும் வைக்கவில்லை.