நறுக்கும் அறையில் ஒரு கிருமி

டியூப் மறுபடியும் கறுத்திருந்தது. பஞ்சுக்காரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சாய்த்துப் பார்த்தாள். மேலே ஒட்டியிருந்த சீட்டைப் படித்தாள், வேறு எந்த இடத்து டியூபாகவாவது இருந்துவிடக் கூடாதா என்று. நறுக்கும் அறை, பெரிய மேசை, கால் பக்கம். அவளே தேய்த்தெடுத்தது, அவளே எழுதியது. வைக்கும்போது தேன் நிறத்தில் இருந்த திரவம் இப்போது தார் மாதிரி இருந்தது.

அந்தக் கோழித் தொழிற்சாலையில் மேசை, கத்தி, பெல்ட், வடிகால் என்று ஒன்றைவிடாமல் பஞ்சுக் குச்சியால் தேய்த்தெடுத்து, லேப்பில் டியூபுக்குள் வைத்து, திரவம் கறுக்கிறதா, கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அதில் வந்த பெயர்தான் பஞ்சுக்காரி. அவள் வாசலில் தலை காட்டினாலே, "பஞ்சுக்காரி வர்றா, ஓடிப்போய் ஒளிஞ்சுக்கோங்க!" என்று கிருமிகளைப் பார்த்துச் சத்தம் போடுவார்கள் நறுக்குகிற பெண்கள். அவளும் சிரிப்பாள். கொஞ்ச நாளாக யாரும் சத்தம் போடுவதில்லை.

உயிர்க்கோழி இறங்குகிற பக்கம் கிருமி இருக்கத்தான் செய்யும். இறகிலும் குடலிலும் அது கூடவே வருகிறது. நறுக்கும் அறை அப்படியல்ல. அங்கே வெந்த கறிதான் வரும். மெல்லிசாக நறுக்கி, பையில் அடைத்து, வெளியே அனுப்பிவிடுவார்கள். வாங்குகிறவர்கள் சூடுகூடப் பண்ணாமல் அப்படியே சாப்பிடுவார்கள். டியூபைக் கறுக்க வைக்கிற லிஸ்டீரியா என்கிற கிருமி அங்கே வரவே கூடாது. மற்ற கிருமிகள் குளிரில் சுருண்டு படுக்கும். இது குளிர்பெட்டிக்குள்ளேயே குடும்பம் நடத்தும். திடமான ஆளுக்கு ஒரு காய்ச்சலோடு போய்விடும். பிள்ளை சுமக்கிறவளுக்கு வந்தால் பிள்ளையே போய்விடும். அந்த அறையின் கறியில் பாதிக்கு மேல் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

முதல் தடவை கறுத்தபோது அவள் பதறவில்லை. கழுவச் சொன்னாள், கழுவினார்கள், அடுத்த டியூப் தெளிவாக இருந்தது. சில வாரம் கழித்து மறுபடி கறுத்தது. அப்போதுதான் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"ஏம்மா, காரணம் ஒண்ணு வேணும்ல? பேய் வந்து வெச்சுட்டுப் போச்சுன்னா மேல சொல்ல முடியும்?"

அவளுக்குக் காரணம் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு நாள் காலையில் நுரை மருந்து ஊறுவதற்கு முன்பே கழுவுகிறவர்கள் தண்ணீர் பீய்ச்சியதை அவள் பார்த்திருந்தாள். அதைச் சொன்னாள். ஒரு நாள் பார்த்ததை எப்போதும் நடப்பதுபோலச் சொன்னாள். சொல்லும்போதே நாக்கு ஒருமுறை தடுக்கியது. ஆனாலும் சொல்லி முடித்தாள்.

கழுவுகிற குழுவுக்குத் தலைவி அவளுடைய அண்ணி.

அண்ணியை இறகு பிடுங்குகிற பக்கத்துக்கு மாற்றினார்கள். சுடுதண்ணீர் ஆவியும் ஈர இறகு நாற்றமும் அடிக்கிற இடம். நறுக்கும் அறைக்கு வேறு குழு வந்தது. அன்று மாலை வீட்டில் அண்ணி வழக்கம்போல் சோறு போட்டாள், வழக்கம்போல் தண்ணீர் எடுத்து வைத்தாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள். மருந்துத் தண்ணீரில் வெடித்துக் கிடந்த விரல்களை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டாள்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல நீ?"

"அண்ணி, நான் பார்த்ததைத்தான்..."

"அன்னிக்கு லாரி லேட்டு. சீக்கிரம் முடின்னு அவங்கதான் விரட்டினாங்க. ஒரு நாள். ஒரே நாள்." அவள் எழுந்துபோய்விட்டாள். அதற்குப் பிறகு சாப்பாடு மேசையில் மூடி வைக்கப்பட்டிருக்கும், ஆள் இருக்காது.

அண்ணன் அதே தொழிற்சாலையில் ஃபிட்டர். எந்திரம் நின்றால் ஓட வைப்பது, உடைந்ததை வெல்டிங் வைத்து ஒட்டுவது அவன் பாடு. அப்பா போன பிறகு தன் படிப்பை நிறுத்திவிட்டு அவளைப் படிக்க வைத்தவன். இரண்டு பெண்களுக்கும் நடுவே நின்று அவன் வேடிக்கை பேசிப் பார்த்தான். ஒருநாள் பஞ்சுக்காரி வீட்டுச் சமையல் மேடையையும் குளிர்பெட்டியின் ரப்பரையும் குச்சியால் தேய்த்தெடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "விட்டுடு, அதெல்லாம் நம்ம சொந்தக்காரங்கதான். கல்யாணத்துக்குக் கூப்பிடலேன்னா கோவிச்சுக்கும்," என்றான். அவள் சிரிக்கவில்லை. அவன் போட்டுக்கொண்டு வருகிற பூட்ஸின் அடியையும் தேய்த்தெடுத்தாள். பிறகு தன்னுடைய பூட்ஸையும்.

எதிலும் இல்லை. நறுக்கும் அறையில்தான் இருந்தது. புதுக் குழு நுரையை ஊற வைத்துக் கழுவியது. பஞ்சுக்காரி மருந்தை மாற்றினாள். சூடான ஆவியைப் பாய்ச்சினாள். பெல்ட்டைக் கழற்றி மருந்துத் தொட்டியில் முக்கினாள். கத்திகளைத் தனித்தனியே பார்த்தாள். மேசை பளபளவென்று மின்னியது. அதில் முகம் பார்த்துத் தலை வாரலாம். இப்போது இந்த மூன்றாவது டியூப் கையில்.

மேனேஜர் கத்தவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கறியில கிருமி இருக்கா?"

"பார்த்த வரைக்கும் இல்ல சார். மேசைக் கால்கிட்டதான்."

"அப்ப மேசைக் காலைச் சாப்பிட வேணாம்னு சொல்லிடலாமா?"

"சார், இன்னிக்குக் கால்ல இருக்கிறது நாளைக்குப் பெல்ட்டுக்கு வரும். சரக்கை அனுப்பாதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போகுது."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, நிறுத்தறேன். ஆனா வாரக் கடைசிக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா அந்த ரூமை மூடிட வேண்டியதுதான். அதுல நிக்கிற பொம்பளைங்களுக்கு நீயே பதில் சொல்லிக்கோ."

அந்தப் பெண்கள் பதில் கேட்கவில்லை. உறைந்த கறிப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கை கட்டி நின்று அவளைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். ஒருத்தி மட்டும், "எங்களைத்தான் தேய்ச்சுப் பார்க்கலை, அதையும் பார்த்துடு," என்றாள்.

பஞ்சுக்காரிக்குச் சோறு இறங்கவில்லை. எதைத் தொட்டாலும் குளோரின் வாடை அடித்தது. குளிக்கும்போது, கிருமியைக் கொண்டு வருவதே தான்தானோ என்று தோன்றியது. நகம் சிவக்கத் தேய்த்தாள். லேப்பில் தன் உள்ளங்கையைத் தேய்த்தெடுத்து ஒரு டியூபில் போட்டாள். அது தேன் நிறத்திலேயே இருந்தது. அதைப் பார்த்து ஏமாற்றமாக இருந்தது அவளுக்கு. தானே காரணம் என்றிருந்தால் ஓடிப்போய்விடலாம், எல்லாம் முடிந்துவிடும்.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்தபோது, நறுக்கும் அறையில் ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். கழுவிய மேசை காய்ந்திருந்தது. செய்வதற்கு எதுவும் பாக்கி இல்லை என்பதால்தான் உட்கார்ந்தாள். சும்மா ஓடட்டும் என்று பெல்ட்டைப் போட்டுவிட்டாள். மேசை மெல்ல அதிர்ந்தது. வெறித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

காய்ந்த மேசைக் காலில் ஒரு சொட்டு தண்ணீர் நின்றது.

மேலே பார்த்தாள், ஒழுகவில்லை. சொட்டைத் துடைத்தாள். அதிர்வில் மறுபடியும், வியர்வை மாதிரி, அதே இடத்தில் கசிந்து வந்தது. மண்டியிட்டு விளக்கைக் கிட்டே பிடித்தாள். கால் ஓர் இரும்புக் குழாய்; உள்ளே வெற்றிடம். முன்பொரு முறை விரிசல் விட்டு வெல்டிங் வைத்து ஒட்டியிருந்தார்கள். அந்தத் தழும்பின் ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை. கழுவும்போதெல்லாம் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. கறிச் சாறும் போயிருக்கிறது. மருந்து மேலே மேலே வழிந்து போக, கிருமி உள்ளே சொகுசாக உட்கார்ந்திருக்கிறது. எந்திரம் ஓடினால் வெளியே எட்டிப்பார்க்கிறது.

அவளுக்கு ஓவென்று கத்த வேண்டும்போல் இருந்தது. ஆனால் அந்தத் தழும்பு யார் கையால் வந்தது என்று அவளுக்குத் தெரியும். அங்கே வெல்டிங் வைக்கிறவன் ஒருவன்தான்.

சொட்டைப் பஞ்சில் எடுத்து டியூபில் போட்டுவிட்டு அண்ணனைத் தேடிப் போனாள். அவன் பட்டறையில் ஒரு சங்கிலியைக் கோத்துக்கொண்டிருந்தான். அவள் சொல்லச் சொல்ல அவன் கை நின்றுபோனது.

"லைனை நிறுத்தாம ஒட்டுன்னாங்க," என்றான். "படுத்துக்கிட்டே வெச்சேன். அந்தப் பக்கம் கண்ணுக்கே தெரியலை."

"புரியுதுண்ணா."

அவன் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "ஒண்ணு பண்றேன். இப்பவே போய் அந்த ஓட்டையை அடைச்சுடறேன். கசியாது. உன் டியூபும் கறுக்காது. யாருக்கும் எதுவும் தெரிய வேணாம்."

"உள்ளேயே இருக்கும்ணா. எப்பவாவது மறுபடி விரிசல் விடும். நாம மறந்திருப்போம். யாரோ ஒரு பொண்ணு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு..."

"எனக்கு இந்த வேலையை விட்டா என்ன தெரியும் சொல்லு?"

அவன் சங்கிலியைத் தூக்கித் தரையில் போட்டான். "போ. உனக்கு எது சரின்னு படுதோ பண்ணு. எப்பவும் அப்படித்தானே பண்றே."

மேனேஜர் அறைக்குப் போகிற வழியில் கால் தானாக இறகுப் பக்கம் திரும்பியது. ஆவிக்குள் அண்ணி தெரிந்தாள், முழங்கை வரை ஈர இறகு ஒட்டியபடி. எந்திரச் சத்தத்துக்கு மேல் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஓட்டையைச் சொன்னாள். அது அண்ணன் வைத்த வெல்டிங் என்றும் சொன்னாள்.

அண்ணி கணவனைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதலில் கேட்டது இதுதான்: "அப்ப நான் சரியாத்தான் கழுவினேனா?"

"ஆமாம் அண்ணி."

"படுத்தா தூக்கம் வராது. எந்த மூலையை விட்டேன், எந்த மூலையை விட்டேன்னு நினைச்சு நினைச்சுப் பார்ப்பேன். எல்லா மூலையும் ஞாபகம் வரும். அப்பறம் எதுவுமே ஞாபகம் வராது." உதடு கோணியது. கையுறையின் பின்புறத்தால் கண்ணைத் துடைத்தாள். கன்னத்தில் ஓர் இறகு ஒட்டிக்கொண்டது. "நீ சொல்லத்தான் போறே. அவர் என்ன ஆவாரு?"

"தெரியலை."

"தெரியாமயே போறியா?"

பஞ்சுக்காரி போனாள். லைனை நிறுத்தாமல் ஒட்டச் சொன்னதையும் சேர்த்துச் சொன்னாள். மேனேஜர், "நிறுத்த வேணாம்னு சொன்னேன். ஓட்டை வைக்கச் சொல்லலையே," என்றார்.

குழாயை அறுக்கச் சொல்லி அண்ணனையே கூப்பிட்டார்கள். நறுக்குகிற பெண்கள் வாசலில் நின்றார்கள். பொறி பறக்க அறுத்தான். கால் விலகியதும் கறுப்பாக, கோழை மாதிரி ஒரு நீர் தரையில் வழிந்தது. அந்த நாற்றத்தில் மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். அண்ணன் அறுத்த குழாயைக் கையில் பிடித்து உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தான். தங்கை பக்கம் அவன் திரும்பவில்லை. அந்தச் சொட்டுப் போட்ட டியூப் மறுநாளே கறுத்தது, மற்றவை கறுக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதிகூட ஆகவில்லை.

அறையை மூடித்தான் ஆக வேண்டியிருந்தது. உள்ளே வெற்றாக இருந்த குழாய்களை எல்லாம் எடுத்துவிட்டு, திட இரும்பில் மேசைகள் வந்தன. பெண்கள் பலர் அதுவரை காத்திருக்க முடியாமல் வேறு இடம் தேடிப் போய்விட்டார்கள். பிடித்து வைத்த கறியைக் குழி தோண்டிப் புதைத்தார்கள். அண்ணனை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இப்போது அவன் ஒரு கொட்டகையில் ஜன்னல் கம்பி வெல்டிங் வைக்கிறான். தங்கையிடம் பேசுவான், ஆனால் வேண்டியதை மட்டும்: விளக்கை அணைச்சியா, பால் வந்துச்சா. சொந்தக்காரங்க கதையெல்லாம் நின்றுபோனது.

நறுக்கும் அறை திறந்தபோது அண்ணியைத் திரும்பக் கூப்பிட்டார்கள். வர மாட்டாள் என்றுதான் பஞ்சுக்காரி நினைத்தாள். வந்தாள். நுரைத் துப்பாக்கியைக் கையில் எடுத்தவள், வாசலில் பஞ்சுக் குச்சியோடு நின்றவளைப் பார்த்தாள்.

"அங்க நின்னு என்ன பண்றே? உள்ள வா. பக்கத்துல நில்லு. நான் கழுவறதை முழுசா பார்த்துட்டு அப்பறம் சொல்லு, என்ன சொல்றதா இருந்தாலும்."

பஞ்சுக்காரி உள்ளே போய் நின்றாள். அண்ணி மேசைக்கடியில் குனிந்தாள். நுரை வெள்ளையாக எழும்பி, இரண்டு பேரின் பூட்ஸையும் மூடிக்கொண்டு வந்தது. அது ஊறி முடிகிற வரை இருவரும் அதற்குள்ளேயே நின்றிருந்தார்கள்.