வாசல் அலமாரியில் அடித்த அலர்ட்

2025 ஜூலை 17, வியாழக்கிழமை, ஆடி முதல் தேதி. காலை 11.12 மணிக்கு தி.நகர் இசக்கியம்மாள் ஸ்டோர்ஸின் ஊழியர் வாசலில், மர அலமாரியின் 41ஆம் அறையில் இருந்த செல்போன் அடித்தது. 11.17க்கு 42ஆம் அறையில் இருந்தது அடித்தது. 11.22க்கு முதல் அறையில் இருந்தது. பிறகு மறுபடியும் 41.

அந்த ஜவுளிக்கடையில் முதலாளியையும் சேர்த்து முந்நூற்றுப் பத்துப் பேர். எல்லோரும் காலையில் செல்போனை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். 41 ஷண்முகப்ரியாவுடையது. கடையின் இணைய விற்பனையைக் கவனிக்கும் இன்ஜினியர் அவள். 42 அவளோடு வேலை செய்யும் சக்திவேலுடையது. முதல் அறை முதலாளி ஜவஹர் அண்ணாச்சிக்கு. விதியைப் போட்டவர் அவர்தான் என்பதால் தவறாமல் அவரும் வைத்தார்.

கடையின் இணையதளம் மும்பையில் வாடகைக்கு எடுத்த கிளவுட் சர்வர்களில் ஓடியது. அதை இரவும் பகலும் கண்காணிக்க ஒரு மென்பொருள் உண்டு. அது கண்டுபிடிப்பதை உரியவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையில் ஷண்முகப்ரியா இரண்டு வாரம் செலவழித்திருந்தாள். இணையதளம் நின்றால் முதலில் குழுவின் மெசேஜ் பக்கத்தில் செய்தி விழும். உடனே அவள் செல்போன் அடிக்கும். ஐந்து நிமிடத்துக்குள் ‘பார்த்தேன்’ என்று அழுத்தாவிட்டால் சக்திவேலுக்குப் போகும். அவனும் எடுக்காவிட்டால் அண்ணாச்சிக்கு. கூடவே ‘டிக்கெட்’ என்ற ஒரு பதிவைத் திறந்து, யார் பார்த்தார்கள், யார் சரிசெய்தார்கள், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளும். வார விடுமுறையான புதன்கிழமை மந்தைவெளி வீட்டில் இருந்தபடி எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தாள். ஒரு குறையும் இல்லை.

வியாழக்கிழமை அவள் ஏழாவது மாடியில் பில் மெஷின்களோடு போராடிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுக்கு இறங்கியது 1.40க்கு. செல்போனை வாங்கிப் பார்த்தபோது டிக்கெட்டில் ‘யாரும் பார்க்கவில்லை: 2 மணி 28 நிமிடம்’ என்று இருந்தது.

அலமாரியைக் காவல் காப்பவர் ஏசுராஜ். திருவான்மியூர் குப்பத்துக்காரர். முன்பு கடலுக்குப் போனவர்.

“அடிச்சா எடுக்கக் கூடாதாண்ணா?”

“இன்னாம்மா பேசுற? பொண்டாட்டி பேசுறாளா, மாமியா பேசுறாளா, எனக்கு இன்னா தெரியும்? அடுத்தவங்க போன நான் தொட மாட்டேன். அட்ச்சா எழுதி வெப்பேன். தோ பாரு.”

நோட்டில் அழகான கையெழுத்தில் இருந்தது. 41, பத்து தடவை. 42, பத்து தடவை. அண்ணாச்சி, பத்து தடவை.

“அண்ணாச்சி போன் அட்ச்சப்போ மட்டும் எந்திரிச்சி நின்னுக்கினேன். பத்து தபாவும்” என்றார் ஏசுராஜ்.

அவள் முதலாளி அறைக்குப் போனாள்.

“அண்ணாச்சி, எங்க ரெண்டு பேருக்கு மட்டும் போன் மேல வேணும்.”

“ஒனக்குக் குடுத்தா சேலை மடிக்கவன் கேப்பாம்லா. நானே கீழ வச்சிட்டுதானம்மா வாரேன்.”

“அப்ப கம்ப்யூட்டர்லயாவது மெசேஜ் பக்கத்தத் திறந்து விடுங்க.”

“ஒனக்கு முன்னால இருந்தவனுக்குத் தொறந்து விட்டேன். அதுல கிரிக்கெட்டுலா பாத்தான்.” அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். “இங்க பாரும்மா. ஆடி முடியுததுக்குள்ள சைட்டு இன்னொரு தடவ கால் மணி நேரம் நின்னுச்சுன்னா ஒன்னைய நிரந்தரம் பண்ண மாட்டேன். அவ்ளோதான்.”

முந்தைய கம்பெனி சென்னை அலுவலகத்தையே மூடிவிட்டதால் எட்டு மாதம் வீட்டில் இருந்தவள் ஷண்முகப்ரியா. இங்கே ஆறு மாதத் தகுதிகாண் காலம் ஆடியோடு முடிகிறது. நின்று யோசித்தாள். விதியில் ‘கடைக்குள் செல்போன் கூடாது’ என்றுதான் இருந்தது. ஏசுராஜின் நாற்காலி வாசலுக்கு வெளியே, படிக்கட்டின் மேல் கிடந்தது. கடையில் பகல் முழுவதும் செல்போன் வைத்திருக்க அனுமதி உள்ள ஒரே ஆள் அவர்தான்.

அன்று மாலையே அலர்ட் பட்டியலில் முதல் பெயராக ஏசுராஜைச் சேர்த்தாள்.

“சிவப்பா வந்தா அமுக்கணும். அப்பால மைக் ரூமுக்கு இன்டர்காம்ல சொல்லணும். அவ்ளோதானே?” என்றார் அவர். “வுடு. நான் பாத்துக்கறேன்.”

சனிக்கிழமை காலை 10.50க்கு இணையதளம் நின்றது. ஏசுராஜ் நான்கு விநாடியில் அழுத்தினார். எல்லா மாடிகளிலும் மைக் ஒலித்தது: “ஷண்முகப்ரியா சிஸ்டம் ரூமுக்கு வரவும்.” நான்காவது மாடிக்கு ஓடிவந்து கணினி முன் உட்கார்ந்தாள். சர்வருக்குள் நுழைய ஆறு இலக்க எண் கேட்டது. அது கீழே, 41ஆம் அறையில் இருந்த செல்போனுக்கு வந்திருந்தது. இன்டர்காமை எடுத்தாள்.

“அண்ணா, என் போன்ல ஒரு நம்பர் வந்திருக்கும். அத மட்டும் படிங்க.”

“ஓடிபியா?”

“ஆமாண்ணா.”

“ஓடிபிய யார்கிட்டயும் சொல்லக் கூடாதும்மா. டிவில சொல்றான், பேங்க்ல சொல்றான்.”

“அது என் ஓடிபிண்ணா!”

“யார்துனா இன்னா? உன் ஓடிபிய உன்கிட்ட கூட சொல்ல மாட்டேன். வோணும்னா எறங்கி வா.”

இறங்கிப் போனாள். டோக்கனைக் கொடுத்து செல்போனை வாங்கி, எண்ணைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு நான்கு மாடி ஏறினாள். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். பதினோராவது நிமிடத்தில் இணையதளம் ஓடியது.

ஏசுராஜின் நோட்டு தினமும் மாலையில் வருகைப் பிரிவுக்குப் போகும். செல்போனை வாங்கியவர் வெளியே போனவர். சாப்பாட்டு நேரம் தவிர, பத்து மணிக்கு மேல் செல்போனை வைப்பவர் அரை நாள் வராதவர். இந்தக் கணக்கு பதினான்கு வருடமாக அப்படித்தான் நடந்தது. ஜூலை 26 அன்று இணையதளம் மூன்று முறை நின்றது. மூன்று முறையும் ஷண்முகப்ரியா சரிசெய்தாள். அன்று ஒரே நாளில் அவள் ஒன்றரை நாள் கடைக்கு வரவில்லை.

“மச்சி, நாளைக்கு மதியம் வரைக்கும் லீவ இன்னிக்கே எடுத்துட்டியா?” என்றான் சக்திவேல்.

“சிரிக்காத. வேணும்னா அடுத்ததுக்கு நீ இறங்கு.”

“எனக்கு தீபாவளிக்கு லீவு வேணும்பா.”

வருகைப் பிரிவில் போய்ச் சொன்னாள். நோட்டில் இருப்பதை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் இல்லை என்றார்கள். ஏசுராஜிடம் எழுத வேண்டாம் என்று கேட்டாள். எழுதாமல் விட்டால் தன் வேலை போய்விடும் என்றார். அதற்கு மேல் அவளால் கேட்க முடியவில்லை. மைக் ஒலித்தபோதெல்லாம் இறங்கினாள்.

ஆகஸ்ட் 16 அன்று ஆடி முடிந்தது. திங்கட்கிழமை அண்ணாச்சி மேசையில் இரண்டு தாள்கள் இருந்தன. முதல் தாள் டிக்கெட் அறிக்கை: ஜூலை 17க்குப் பிறகு இணையதளம் நின்றது இருபத்து மூன்று முறை, அதிகபட்சம் பதின்மூன்று நிமிடம். இரண்டாவது வருகை அறிக்கை.

“சொன்னபடி செஞ்சிட்ட. சைட்டு கால் மணி நேரம் நிக்கல. ஆனா இருபத்து மூணு தடவயும் பாத்தது ஏசுராஜு. நீ பதினொன்றரை நாள் கடைக்கே வரல.”

“சரிபண்ணது யார்னு பாருங்க அண்ணாச்சி.”

“பாத்தேன். ஒம் பேருதான் இருக்கு. லீவுல இருந்துக்கிட்டும் கடை வேலைய பாத்திருக்க. நல்ல பிள்ளைதான். ஆனா நாலு நாளுக்கு மேல லீவுன்னா நிரந்தரம் கெடையாது. எம் மருமகனுக்கே பண்ணல.”

ஷண்முகப்ரியா வருகை அறிக்கையைத் தன் பக்கம் திருப்பினாள்.

“செக்யூரிட்டிக்கும் இந்தப் பத்து மணிக் கணக்கு உண்டா அண்ணாச்சி?”

“அவனுக்கு ஏது? அவன் கடைக்குள்ளயே வாரதில்லையே.”

“அப்ப என்னை வாசல்ல போடுங்க.”

“இன்ஜினியருக்குப் படிச்ச பிள்ள, வாசல்லயா இருப்ப?”

“போன் அங்கதான் இருக்கு.”

அண்ணாச்சி இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து மறுபடி படித்தார். “அப்ப ஏசுராஜு?”

“நாலு விநாடில பார்க்கிறார்னு உங்க அறிக்கையிலயே இருக்கே.”

“அதுவும் சரிதான்” என்றார் அண்ணாச்சி.

ஆகஸ்ட் 21 அன்று ஷண்முகப்ரியா பாதுகாப்புப் பிரிவில் நிரந்தரம் செய்யப்பட்டாள். நீலச் சீருடை இரண்டு செட் கொடுத்தார்கள். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தே வேலை பார்த்தாள். ஏசுராஜ் நான்காவது மாடியில் சிஸ்டம் அசிஸ்டென்ட் ஆனார். அவருடைய செல்போனுக்கு 311ஆம் அறை ஒதுக்கப்பட்டது. செப்டம்பரில் இணையதளம் ஏழு முறை நின்றது. அதிகபட்சம் மூன்று நிமிடம்.